மேலிடத்துக்குப் போன கேக்குகள்

மனித இனம் நெருப்பைக் கண்டுபிடித்தது. சக்கரத்தைக் கண்டுபிடித்தது. பிற்பாடு, வெட்டப்போகும் ஒரு கேக்கை நாலா பக்கமும் சுற்றி வந்து படம் பிடிப்பதையும் கண்டுபிடித்தது. சேர்ப்பதற்கு இத்தனை வழி கண்ட இனம், சேர்த்ததைத் துடைத்தெறிய ஒரு மகானைத் தேடிக்கொள்ளாமலே காலத்தை ஓட்டிவிட்டது. அந்த வரலாற்றுக் குறை ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், ஃபிரிட்ஜுக்கும் வாஷிங் மெஷினுக்கும் நடுவே போட்டிருந்த ஒரு சாப்பாட்டு மேசையில் தீர்ந்தது. தீர்த்து வைத்தவர், ஆவணப் பிரிவுக் கண்காணிப்பாளர்.

அலுவலகத்தில் அவருக்குப் பெயர் 'காலி சார்'. அன்பினால் வைத்த பெயர் என்றே அவர் நம்பினார். மூன்று அறை முட்ட இருந்த பழைய கோப்புகளை ஒரே மூச்சில் அகற்றிவிட்டு, அந்த இடத்தில் தொட்டிச் செடி வைத்தவர் அவர். பின்னாலேயே தணிக்கைக்காரர்கள் வந்து கோப்புகளைக் கேட்டார்கள். கோப்பே இல்லை. இல்லாத கோப்பில் குற்றம் கண்டுபிடிக்கிற தணிக்கைக்காரர் இன்னும் பிறக்கவில்லை. ஆகவே அந்த ஆண்டில் ஒரு குறைகூட எழுதப்படாத ஒரே பிரிவு என்று காலி சாரின் பிரிவுக்குக் கேடயம் கொடுத்தார்கள். கேடயத்தை வைக்க இடம் தாராளமாக இருந்தது.

அப்பேர்ப்பட்டவரின் வீட்டில்தான் படங்கள் பெருகின. மனைவி வீட்டிலேயே கேக் செய்து விற்பவர். செய்த ஒவ்வொரு கேக்கையும், அட்டைப்பெட்டியில் வைத்து மூடுவதற்கு முன்னால் ஒரு படம் எடுத்துவிடுவார். கல்லூரியில் படிக்கும் மகள் வீட்டிலிருக்கிற கருவிகளையெல்லாம் ஒரே கணக்கில் கோத்து வைத்திருந்தாள். அம்மா போனில் எடுத்த படம் அப்பா போனுக்கு வரும், கூடத்து டி.வி.க்கு வரும். ஆர்வக் கோளாறில் காலி சார் தம் ஆபீஸ் கம்ப்யூட்டரிலும் பாஸ்வேர்டைத் தட்டி வைத்திருந்ததால் அங்கேயும் வரும்.

"இதெல்லாம் எங்கம்மா போய்ச் சேருது?" என்று அவர் ஒருநாள் மகளைக் கேட்டார்.

"கிளவுடுக்குப்பா. மேல இருக்கும். அங்கேருந்து எல்லாத்துக்கும் வரும்."

'மேல' என்ற ஒரு சொல்லில் அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. வாழ்நாள் முழுக்க அவர் பார்த்த சங்கதிதானே. மூலம் மேலிடத்தில் இருக்கும். கீழே இருப்பதெல்லாம் நகல். கீழே இருக்கிறவன் நகலைக் கிழித்துப் போட்டால் மேலிடத்துக்கு ஒன்றும் ஆகாது. கிழித்தது தெரியக்கூடத் தெரியாது. கீழே நடப்பது தெரிந்தால் அது மேலிடமே இல்லை.

இந்த ஞானம் செயலில் இறங்கக் காரணமாக அமைந்தது ஒரு வெள்ளிக்கிழமைக் கூட்டம். இயக்குநர் முன்னிலையில் 'தேவையற்றவை நீக்கும் கொள்கை' பற்றிக் காலி சார் உரையாற்றிக்கொண்டிருந்தார். தண்ணீர் குடிக்க நிறுத்தினார். அவர் நிறுத்தியதும் அவருடைய கம்ப்யூட்டர், சும்மா இருப்பானேன் என்று பெரிய திரையில் வீட்டுப் படங்களை ஓட்டத் தொடங்கியது. முதலில் குளியல் தொட்டி வடிவத்தில் ஒரு கேக். அதற்குள் க்ரீமில் செய்த ஒரு குண்டு மனிதர்.

இயக்குநர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். "இது எந்தக் கட்டத்துத் திட்டம்?"

"சார், அது வந்து..."

அடுத்தது மூன்றடுக்குக் கேக்.

"மூணு மாடியா? நிதி ஒதுக்கியாச்சா?"

"பரிசீலனையில இருக்கு சார்," என்றார் காலி சார். அந்த நாற்காலியில் எத்தனையோ முறை சொன்ன வாக்கியம். அவரைக் கேட்காமலே வாயிலிருந்து வந்துவிட்டது.

மூன்றாவதாக வந்தது மனைவியின் இடது கால் கட்டைவிரல். மேசை முனையில் இடித்து நகம் கறுத்துப்போனதை டாக்டருக்கு அனுப்ப எடுத்தது. திரை முழுக்க அந்த ஒரு விரல்தான். கூட்டம் அதைக் குறித்தும் ஒரு துணைக்குழு அமைத்துவிட்டுக் கலைந்தது.

ஞாயிறு காலை வீட்டில் 'படத் தூய்மைக் குழு' கூடியது. தலைவர் அவர். உறுப்பினர்கள் மனைவியும் மகளும். மனைவி க்ரீம் அடிக்கும் மெஷினைக்கூட நிறுத்தாமல் கூட்டத்தில் கலந்துகொண்டார்.

"மனுஷங்க இல்லாத படம் இனி வேண்டாம்," என்று தலைவர் தொடங்கினார். "ஒரே மாதிரி ரெண்டு இருந்தா ஒண்ணு போதும்."

"அப்ப என் கேக்கு?"

"அதைத்தான் சொல்ல வர்றேன். ஒரு பொருள் இருக்குன்னா அதுக்கு ஆதாரம் வேணும். கேக்கை வெட்டியாச்சு, சாப்பிட்டாச்சு, கையைக் கழுவியாச்சு. இல்லாத பொருளுக்கு எதுக்கு ஆதாரம்?"

மனைவி மெஷினை நிறுத்தினார். "என்னங்க, விளையாடாதீங்க. வியாழக்கிழமை விருந்து மண்டபத்து மேனேஜரம்மா வர்றாங்க. இனி அவங்க மண்டபத்துல நடக்கிற எல்லா விசேஷத்துக்கும் யார்கிட்ட கேக் வாங்கறதுன்னு முடிவு பண்ணப் போறாங்க. நான் செஞ்சதையெல்லாம் பார்க்கணுமாம். அது கிடைச்சா இந்த அடுப்படியை விட்டு வெளிய ஒரு கடை போட்டுடுவேன். பதினோரு வருஷ வேலைங்க அது. அந்தப் படத்தை விட்டா என்கிட்ட காட்ட வேற ஒண்ணும் கிடையாது. எல்லாத்தையும் ஊர் தின்னுடுச்சு."

"உன் போனை நான் தொடவே மாட்டேன். போதுமா?"

"சத்தியமா?"

"எழுதி வேணும்னாலும் தர்றேன்."

அடுத்த விதி முகங்களைப் பற்றியது. "மூணு படத்துக்கும் குறைவா வர்ற முகம் எதுவா இருந்தாலும் அது வெளியாள். வெளியாளுக்கு நம்ம வீட்டுல இடம் கிடையாது."

"என் பழைய ஸ்கூல் டீச்சர் ஒரே ஒரு படத்துலதான்பா இருக்காங்க," என்றாள் மகள்.

"விதின்னா விதி. எனக்கு யார் மேலயும் தனிப்பட்ட விரோதம் கிடையாது."

தலைவர் தராசுத் தட்டில் தம்மையும் ஏற்றிப் பார்க்கிறவர்தான். முதல் வேலையாகத் தம்முடைய படங்களைப் பிரித்தெடுத்தார். இயக்குநரிடம் கேடயம் வாங்குவது, வாங்கிய கேடயத்தோடு நிற்பது, கேடயம் மட்டும் தனியாக நிற்பது எல்லாவற்றையும் 'அரிய ஆவணங்கள்' என்று தமக்கென்று ஒரு தனிக் கணக்குத் திறந்து அங்கே குடியேற்றினார். கேடயம் மட்டும் இருக்கும் படத்தில் மனிதர் இல்லையே என்று ஒரு சட்டச் சிக்கல் எழுந்தது. கேடயம் மனிதரின் நீட்சியே எனத் தலைவர் தீர்ப்பளித்தார்.

அப்புறம் சோபாவில் சாய்ந்து, தம்முடைய சொந்தப் போனில், கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு, களையெடுப்பைத் தொடங்கினார். மனைவியும் மகளும் இருந்த படங்களெல்லாம் அவருக்கு ஒரே மாதிரி தெரிந்தன; எந்த ஒன்றை வைப்பது என்று முடிவாகாததால் அவையும் சேர்ந்தே பட்டியலில் ஏறின. மனைவியின் போன் அடுப்படியில் சர்க்கரை டப்பா மேல் கிடந்தது. அதன் பக்கம் அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கொடுத்த வாக்கை எழுத்துப் பிசகாமல் காப்பாற்றுகிற கணவர்கள் அருகிவிட்ட காலம் இது.

போன் அவரைத் தடுத்தது. 'இவை எல்லாச் சாதனங்களிலிருந்தும் நீக்கப்படும். தொடரவா?' என்று கேட்டது. எச்சரிக்கைகளைப் படிப்பது கையெழுத்துப் போடுகிறவரின் வேலை அல்ல. அவர் ஒப்புதல் அளித்தார். நீக்கியவை குப்பைத் தொட்டியில் சிலகாலம் இருக்கும் என்று போன் இன்னொரு சலுகையும் காட்டியது. தொட்டியில் குப்பையை வைத்துக்கொண்டு தூய்மை பேசுவதா? தொட்டியையும் காலி செய்தார். பெயரைக் காப்பாற்றினார்.

மதியம் அடுப்படியிலிருந்து ஒரு குரல் வந்தது.

"ஏங்க... என் போன்ல ஒண்ணையும் காணோம்."

"நான் தொடவே இல்லையே!"

மகள் ஓடிவந்து அம்மா போனைப் பார்த்தாள். அப்பா போனைப் பிடுங்கிப் பார்த்தாள். கூடத்து டி.வி.யைப் போட்டுப் பார்த்தாள். நீலத் திரையில் 'உங்கள் நினைவுகளைச் சேர்க்கத் தொடங்குங்கள்' என்று ஒரு சிரிப்புப் பொம்மை கையாட்டியது.

"அப்பா, இது எல்லாமே ஒரே கணக்கு! உங்க போன்ல அழிச்சா அம்மா போன்லயும் போயிடும்!"

"அது எப்படிம்மா? நான் அழிச்சது நகல். மூலம் மேலிடத்துல இருக்கும்ல?"

"மேலிடம் உங்க பேச்சைக் கேட்டுடுச்சுப்பா. அதான் பிரச்சினையே."

காலி சார் அதிர்ந்துபோனார். கீழேயிருந்து போன ஒரு உத்தரவை மேலிடம், அதுவும் ஞாயிற்றுக்கிழமை, அந்த நிமிஷமே நிறைவேற்றியதா? அவருடைய சர்வீஸில் இப்படி ஒரு நிர்வாகச் சீர்கேட்டைப் பார்த்ததில்லை.

"தொட்டியில இருக்கும். பதறாத அம்மா, தொட்டியில இருக்கும்," என்று மகள் தேடினாள்.

"தொட்டியை..." என்று அவர் தொண்டையைச் செருமினார். "அதையும் சுத்தம் பண்ணிட்டேன்."

அவர் உதவி மையத்தை அழைத்தார். அழுத்தச் சொன்ன எண்களையெல்லாம் அழுத்தினார். இறுதியில் ஒரு பெண் குரல், 'தங்கள் கோரிக்கை வெற்றிகரமாக நிறைவேற்றப்பட்டது' என்று வாழ்த்தியது.

மனைவி அழவில்லை. க்ரீம் ஒட்டிய கையோடு ஸ்டூலில் உட்கார்ந்தார். "பதினோரு வருஷம்," என்றார். "தலையில கல்லைத் தூக்கிப் போட்டுட்டீங்களே. கடைக்கு இடம்கூடப் பார்த்து வச்சிருந்தேன்."

"புதுசா செஞ்சு புதுசா எடுத்துக்கலாமே," என்று தலைவர் யோசனை சொன்னார்.

"வியாழக்கிழமைக்குள்ளயா?"

யோசனை பரிசீலனையில் இருந்தது.

மகள்தான் அம்மாவின் போனை எடுத்து, கேக் வாங்கியவர்கள் எல்லோருக்கும் ஒரு செய்தி அனுப்பினாள். 'அம்மா செய்த கேக் படம் உங்களிடம் இருந்தால் அனுப்ப முடியுமா?'

முதலில் எதிர்வீட்டு நர்ஸ் அனுப்பினார். பிறகு ஒரு பல் டாக்டர். பிறகு பஸ் டிரைவர் ஒருவர், தாம் ஓய்வு பெற்ற நாளில் வெட்டிய பஸ் கேக்கை அனுப்பி, 'இப்பவும் ஸ்டீயரிங் பக்கத்துத் துண்டு நாக்குல நிக்குது அக்கா' என்று எழுதியிருந்தார். திங்கட்கிழமை விடிந்தபோது போன் ஓயாமல் டிங் டிங் என்றது. பெட்டிக்குள் போன பிறகு தம் கேக்குகளுக்கு என்ன ஆனது என்று மனைவி அதுவரை பார்த்ததில்லை. இப்போது பார்த்தார். மூக்கில் க்ரீமோடு ஒரு குழந்தை. ஒரே கத்தியை நான்கு கையால் பிடித்திருக்கும் கிழவனும் கிழவியும். வெட்டுவதற்கு முன்பே விரலை விட்டு மாட்டிக்கொண்ட ஒரு மாப்பிள்ளை.

"முக்கால்வாசி ஆடிப்போன படம்," என்றார் காலி சார் எட்டிப் பார்த்து. "தரமே இல்லை."

மனைவி திரும்பிப் பார்த்த பார்வையில் அவர் ஆபீஸுக்குச் சீக்கிரமே கிளம்பிவிட்டார்.

வியாழக்கிழமை மேனேஜரம்மா வந்தார். கூடத்து டி.வி.யில் படங்கள் ஓடின. அந்த அம்மாள் இரண்டு தடவை சிரித்தார், ஒரு தடவை கைக்குட்டையை எடுத்தார்.

"எல்லாரும் கேக்கைத்தான் காட்டுவாங்க. நீங்க சாப்பிட்டவங்களைக் காட்டறீங்க," என்றார். "அடுத்த மாசத்துலேருந்து ஆரம்பிச்சுடலாமாம்மா?"

மனைவி தலையாட்டினார். பேச்சு வரவில்லை.

காலி சாருக்கு வந்தது. "இதெல்லாம் ஒரு தூய்மை இயக்கத்தின் பலன்தாங்க," என்று சோபாவில் நிமிர்ந்தார். "பழசை ஒழிச்சாத்தானே புதுசு வரும்? இதைப் பத்தி ஒரு அறிக்கை தயார் பண்ணிட்டிருக்கேன். இயக்குநர்கிட்ட..."

அப்போது டி.வி. தானாகவே படங்களை நிறுத்தியது. வந்த படங்களிலிருந்து முகங்களைப் பிரித்து, வட்ட வட்டமாக அடுக்கத் தொடங்கியது. மனைவி ஒரு வட்டம். மகள் ஒரு வட்டம். எதிர்வீட்டு நர்ஸ், அவருடைய இரட்டைப் பையன்கள், பஸ் டிரைவர், எல்லோருக்கும் வட்டம். கடைசியாக ஒரு ஆண் முகம் வந்தது. மகளின் பிறந்தநாளில் நர்ஸ் எடுத்த படத்தில், எல்லோரும் கேக்கைச் சுற்றி நிற்க, ஜன்னலோரம் பாதி திரும்பி, காதில் போனோடு நிற்கிற முகம். இன்னொன்றில் அதே முகம், அதே போன், தட்டை நோக்கி நீண்ட ஒரு கை.

'இவர் யார்? இந்த முகம் அதிகம் தென்படவில்லை. மறைக்கவா?' என்று டி.வி. கேட்டது.

"அட, அது நான்தான்," என்று காலி சார் சிரித்தார். வேறு யாரும் சிரிக்கவில்லை. "என் படமெல்லாம் பத்திரமா தனிக் கணக்குல இருக்கு. அதான் இங்க..."

"அதுல நாங்க எத்தனை படத்துலப்பா இருக்கோம்?" என்றாள் மகள்.

அவர் போனைத் திறந்தார். கேடயம் இருந்தது. இயக்குநர் இருந்தார். தொட்டிச் செடிகூட இருந்தது. மேலும் கீழும் தள்ளிப் பார்த்துவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்தார்.

மனைவி துண்டில் கையைத் துடைத்துக்கொண்டே டி.வி. பக்கம் வந்தார். "இந்த ஆள் இங்க எத்தனை படத்துல இருக்காரு?"

"ரெண்டும்மா."

"மூணுக்குக் குறைவுதானே?"

"என்னம்மா இது," என்றார் காலி சார். "நான் போய் வெளியாளா?"

"விதின்னா விதிங்க," என்றார் மனைவி. "எனக்கு யார் மேலயும் தனிப்பட்ட விரோதம் கிடையாது."

மகள் பொத்தானை அழுத்தினாள். உத்தரவு எல்லாச் சாதனங்களிலும் அந்த நிமிஷமே அமலுக்கு வந்தது.