கலப்படம் இல்லாத பள்ளிக்கூடம்

மனித குலம் முதலில் நெருப்பைக் கண்டுபிடித்தது. பிறகு சக்கரத்தைக் கண்டுபிடித்தது. அதன்பின் நெடுங்காலம் சும்மா இருந்துவிட்டு எங்கள் மையத்தைத் தொடங்கியது. இடையில் நடந்ததெல்லாம் வெறும் முன்னேற்பாடு என்பது என் தாழ்மையான கருத்து.

மையத்தின் முழுப்பெயர் 'சமத்துவப் பள்ளிக் கல்விக்கான ஆசிரியர் தயாரிப்பு உயராய்வு மையம்'. ஓஹையோவில், ஏரிக்காற்று கோட்டுக்குள் புகுந்து விலாவை எண்ணிப் பார்க்கும் ஒரு நகரத்துப் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. நான் அதன் துணை இயக்குநர் கோர்டன் ஃபிட்ச். இயக்குநர் டாக்டர் வினிஃப்ரெட் ஹாலவே. 'சமத்துவம்' என்ற சொல்லைக் கேட்டாலே அந்த அம்மையாருக்குக் கண் கலங்கிவிடும். அந்தச் சொல்லை நாளெல்லாம் கேட்க வேண்டிய வேலை என்பதால் டிஷ்யூ செலவு கொஞ்சம் அதிகம்.

எங்கள் ஆய்வு உன்னதமானது. ஏழைப் பிள்ளைகளின் பள்ளிகளில் சேரும் புது ஆசிரியர்கள் ஏன் பாதி வருஷத்தில் ஓடிப்போகிறார்கள்? அனுபவசாலி ஒருவரை 'வழித்துணை ஆசிரியர்' என்று கூடவே உட்கார வைத்தால் ஓடாமல் இருப்பார்களா? பக்கத்து வீட்டுக்காரரிடம் கேட்டிருந்தால், "துணைக்கு ஆள் இருந்தா நல்லதுதானே, இதுல என்ன கேள்வி?" என்றிருப்பார். ஆனால் அது வெறும் உண்மை. எங்களுக்கு வேண்டியது நிரூபிக்கப்பட்ட உண்மை.

இதற்கென்றே கடவுள் படைத்தது போல ஸ்ப்ரூஸ் தெருவில் இரண்டு பள்ளிகள் எதிரும் புதிருமாக நிற்கின்றன. வடக்குப் பள்ளி, தெற்குப் பள்ளி. ஒரே தெரு, ஒரே வறுமை, ஒரே இலவச மதிய உணவு. ஒன்றுக்கு வழித்துணையைக் கொடுப்பது, மற்றதற்கு ஒன்றுமே கொடுக்காமல் வேடிக்கை பார்ப்பது என்று திட்டம். எதற்குக் கொடுப்பது? நாணயத்தைச் சுண்டிவிட்டுத் தீர்மானிக்கக் கூட்டம் கூட்டினோம்.

எங்கள் கூட்டங்கள் எப்போதும் 'உள்ளத்து வானிலை'யோடுதான் தொடங்கும். ஒவ்வொருவரும் தன் மனம் இன்று எப்படி இருக்கிறது என்று சொல்ல வேண்டும்.

"நான் இன்னைக்கு இளம் தூறல்," என்றார் டாக்டர் ஹாலவே.

"எனக்கு மேகமூட்டம். மதியத்துக்கு மேல வெளுக்கும்," என்றேன்.

"பனிப்புயல்," என்றார் புள்ளியியல் நிபுணர் பார்னபி க்ரோல். அவருக்கு ஜூலையிலும் பனிப்புயல்தான்.

நான் நாணயத்தை எடுத்ததும் டாக்டர் ஹாலவே என் கையைப் பிடித்துக்கொண்டார். "கோர்டன்! ஒரு பக்கத்தைத் தலைங்கறோம், இன்னொரு பக்கத்தை வாலுங்கறோம். தலை ஒசத்தி, வால் மட்டமா? சுண்டறதுக்கு முன்னாடியே பாரபட்சம் வந்துடுச்சே!"

உடனே என் கோட்டுப் பித்தானைப் பிய்த்துக் கொடுத்தேன். அதற்கு இரண்டு பக்கமும் சமம். சுண்டினோம். அடடா, என்ன சமத்துவம்! எந்தப் பக்கம் விழுந்தது என்றே தெரியவில்லை. மூன்றாம் முறை அது உருண்டு வடக்குச் சுவரில் முட்டிக்கொண்டு நின்றது. ஆக, வடக்குப் பள்ளிக்கு வழித்துணை. தெற்குப் பள்ளிக்கு 'ஒப்பீட்டுப் பள்ளி' என்ற பட்டம்.

ஒப்பீட்டுப் பள்ளி என்பது சாமானியப் பொறுப்பு அல்ல. அதற்கு யாரும் எந்த உதவியும் செய்துவிடாமல் பொத்திப் பொத்திக் காக்க வேண்டும். துளி உதவி கலந்தாலும் எங்கள் தொழிலில் அதற்குக் 'கலப்படம்' என்று பெயர்.

அக்டோபரில் தெற்குப் பள்ளியிலிருந்து ஓர் இளம் ஆசிரியை எங்களைத் தேடி வந்தார். பெயர் ரோஸ்லின் டப்ஸ். ஏழாம் வகுப்புக்குக் கணக்கு. வேலைக்குச் சேர்ந்து இரண்டு மாதம்தான். பூட்ஸைக்கூடத் துடைக்காமல் நேரே உள்ளே வந்துவிட்டார்.

"மேடம், எதிர்த்த பள்ளிக்கூடத்துக்கு மட்டும் ஆள் அனுப்புறீங்க. எனக்கும் ஒருத்தரை அனுப்புங்க. வாரத்துல ஒரு மணி நேரம் வந்தாப் போதும். தனியா சமாளிக்க முடியல."

"முதல்ல உங்க உள்ளத்து வானிலை என்னன்னு சொல்லுங்கம்மா."

"உள்ளத்தை விடுங்க. என் வகுப்புலயே மழை பெய்யுது. கூரை ஒழுகுது."

"என்ன நேர்மை!" டாக்டர் ஹாலவே டிஷ்யூவை உருவினார். "கோர்டன், எழுதிக்கோங்க."

எழுதிக்கொண்டேன்.

"பிள்ளைங்க பந்தயம் கட்டியிருக்காங்க மேடம், நான் எந்த மாசம் ஓடுவேன்னு," என்றார் ரோஸ்லின். "ஜெயிச்சா பெரிய சிப்ஸ் பொட்டலம். முக்காவாசிப் பேரு நவம்பர்ங்கறான். மார்னின்னு ஒருத்தி மட்டும் பிப்ரவரின்னு கட்டியிருக்கா. வகுப்புலயே என்மேல அதிக நம்பிக்கை வெச்சிருக்கவ அவதான்! போன வருஷம் அவங்களுக்கு நாலு டீச்சர். நானும் போயிட்டா, இனி எவ வந்தாலும் அந்தப் பிள்ளைங்க நிமிர்ந்தே பாக்காது. எனக்குப் போக மனசில்ல மேடம். இருக்கறதுக்கு வழி சொல்லுங்க."

டாக்டர் ஹாலவே அவர் கையைப் பற்றிக்கொண்டார். "எங்க ஆய்வுக்கு நீங்கதாம்மா உயிர்நாடி. நீங்க இல்லன்னா நாங்க இல்ல."

"அப்ப ஆள் அனுப்புவீங்களா?"

"உங்களுக்கு உதவி பண்ணிட்டா, உதவி கிடைக்காதவங்க என்ன பாடு படறாங்கன்னு நாங்க எப்படித் தெரிஞ்சுக்கறது?"

"என்னைக் கேளுங்களேன். இதோ இப்பவே சொல்றேன்."

"அது வெறும் அனுபவம்மா," என்றார் டாக்டர் ஹாலவே கனிவாக. "ஆதாரம் இல்ல."

வெறுங்கையோடு அனுப்பும் வழக்கம் எங்களுக்கு இல்லை. 'சமத்துவம் இங்கே தொடங்குகிறது' என்று பொறித்த காப்பிக் கோப்பை ஒன்றைக் கொடுத்தோம். "நல்லதாப் போச்சு, ஒழுகற இடத்துல வெக்கலாம்," என்று சொல்லிவிட்டுப் போனார். அதை நன்றியாகவே ஏற்றுக்கொண்டோம்.

நவம்பர் வந்தது, போனது. ரோஸ்லின் போகவில்லை. நாங்களும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஜனவரியில் அரையாண்டுத் தேர்வு முடிவோடு க்ரோல் வந்து கதவில் சாய்ந்து நின்றார். முகத்தில் ஈயாடவில்லை.

"நடக்கக் கூடாதது நடந்துடுச்சு."

"யாருக்கு என்ன ஆச்சு?"

"தெற்குப் பள்ளிப் பிள்ளைங்களுக்குப் பின்னக் கணக்கு புரியுது."

டாக்டர் ஹாலவே நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார். "எல்லாருக்குமா?"

"நாலுல மூணு பங்கு பேருக்கு."

"கூட்டல் மட்டும்தானே? வகுத்தல் இல்லையே? சொல்லுங்க பார்னபி!"

"வகுத்தலும் போடுதுங்க. தலைகீழாத் திருப்பிப் பெருக்குதுங்க!"

"ஐயோ!"

வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதைதான். வடக்கும் உயர்ந்து தெற்கும் உயர்ந்தால் வித்தியாசம் எங்கே? வித்தியாசம் இல்லாவிட்டால் ஆய்வு எங்கே? நாங்கள் எங்கே?

"எவனோ உதவி பண்ணியிருக்கான்," என்றார் க்ரோல் பல்லைக் கடித்துக்கொண்டு.

துப்பறியும் பொறுப்பு என் தோளில் விழுந்தது. நான் அதிகம் அலையவில்லை. ஸ்ப்ரூஸ் தெருமுனையில் ஒரு டோனட் கடை உண்டு. சனிக்கிழமை காலை அங்கே போய்ச் செய்தித்தாளை விரித்துப் பிடித்துக்கொண்டு அதன் பின்னால் உட்கார்ந்தேன். அடுத்த மேஜையில் இருந்தது யார் என்கிறீர்கள்? ரோஸ்லின் டப்ஸ். எதிரே பெட்ரா ஸ்டான்சிக். வடக்குப் பள்ளிக்கு நாங்களே பொறுக்கி எடுத்து அனுப்பிய அதே வழித்துணை ஆசிரியை! ரோஸ்லினைவிட ஏழெட்டு வயது மூத்தவர், வாய் மட்டும் நாற்பது வயது மூத்தது.

"ஏன்டி ரோஸ், முப்பது பேர் கத்தறப்ப நீயும் கத்தினா, நீ முப்பத்தோராவது கத்தல். அவ்வளவுதான். வாயை மூடிக்கிட்டு போர்டுல ஒரு கணக்கைத் தப்பாப் போடு. டீச்சர் மாட்டிக்கிட்டாடான்னு அத்தனையும் கப்புனு அடங்கிடும்."

"போட்டேன்டி! மார்னி எழுந்து வந்து என் கையில இருந்த பேனாவைப் பிடுங்கிட்டா. 'மிஸ், நீங்க உக்காருங்க, பாக்கவே பாவமா இருக்கு'ன்னு அவளே திருத்தறா!"

"அதான் வேணும். நாளைக்கு இன்னும் மட்டமாப் போடு. உனக்கா வராது?"

"கழுதை! இன்னொண்ணு கேளு. பந்தயத்தை வாபஸ் வாங்கிடலாம்னு பேசிக்கறாங்களாம். ஒருத்தன் வந்து, 'மிஸ், அடுத்த வருஷமும் நீங்கதானா?'ன்னு கேக்கறான். நான் திரும்பி நின்னு போர்டை அழிக்கற மாதிரி அழுதேன்."

"போச்சுடா. இனி நீ ஓட நினைச்சாலும் அதுங்க விடாது. அந்தக் கடைசி டோனட்டைத் தின்னாதே, அது எனக்கு."

இருவரும் மூக்கில் சர்க்கரை ஒட்டியிருப்பது தெரியாமல் சிரித்தார்கள். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. பட்டப்பகலில், பொது இடத்தில், எவ்வித அனுமதியும் இன்றி, அறிவு வடக்கிலிருந்து தெற்குக்குப் பாய்ந்துகொண்டிருந்தது! இரண்டாவது டோனட்டைப் பாதியில் வைத்துவிட்டு ஓடினேன். என் கடமையுணர்ச்சிக்கு வேறு சான்று வேண்டாம்.

அவசரக் கூட்டம். உள்ளத்து வானிலை எல்லோருக்கும் பனிப்புயல்.

"கடையை மூட வெச்சுடலாம்," என்றார் க்ரோல்.

"சீச்சீ! நாம அடக்குமுறைக்கு எதிரானவங்க," என்றார் டாக்டர் ஹாலவே. "பெட்ராவுக்குப் பதவி உயர்வு குடுத்துடலாம்."

அப்படியே செய்தோம். பெட்ராவை 'வழித்துணைகளின் வழித்துணை' ஆக்கி, மையத்தின் இரண்டாம் மாடியில் ஓர் அறை கொடுத்தோம். நல்ல வழித்துணை எப்படி இருக்க வேண்டும் என்று படம் போட்டுக் காட்டும் வேலை. வடக்குப் பள்ளிக்கு வேறு ஆளை அனுப்பினோம்.

"நான் இனி பள்ளிக்கூடத்துக்கே போகக் கூடாதா?" என்றார் பெட்ரா.

"பள்ளிக்கூடத்தைத் தாண்டி வளர்ந்துட்டீங்கம்மா. ரோஸ்லினோட மட்டும் பேச்சுவார்த்தை வேணாம்."

"என் லீவு நாள்ல, என் டோனட்டைத் தின்னுக்கிட்டு, ஒருத்திக்கு ஓசியில சொல்லிக் குடுத்தேன். உங்களுக்கு எங்க வலிக்குது?"

"எங்களுக்கு இல்லம்மா. ஆய்வுக்கு வலிக்குது."

"நீங்கள்லாம் சோத்தைத்தான் திங்கறீங்களா?"

மீறினால் வடக்குப் பள்ளிக்குப் போகும் உதவியும் நின்றுவிடும் என்பதை மிகுந்த அன்போடு எடுத்துச் சொன்னோம். அங்கேயும் மூன்று புது ஆசிரியர்கள் இருந்தார்கள். பெட்ரா தன் பையை எடுத்துக்கொண்டார். பிறகு மாடி ஏறிப் போனார்.

பிப்ரவரிக் கடைசியில் ரோஸ்லின் மறுபடி வந்தார். கோப்பையை டாக்டர் ஹாலவேயின் மேஜையில் வைத்தார். அதில் பாதி மழைத்தண்ணீர் இருந்தது.

"நான் வேலையை விட்டுட்டேன் மேடம். பெட்ரா ஏன் பேசறதில்லன்னு இப்பதான் தெரிஞ்சுது. ஆறு வாரமாத் தனியா முட்டிப் பாத்தேன். வகுப்பு மறுபடியும் சந்தைக்கடை ஆயிடுச்சு. தினமும் காருக்குள்ள உக்காந்து அழுதுட்டுத்தான் உள்ள போவேன். இன்னைக்கு இறங்கவே முடியல."

"எந்தத் தேதி போட்டுக்கலாம்?" என்று க்ரோல் பேனாவைத் திறந்தார்.

ரோஸ்லின் அவர் பக்கமே திரும்பவில்லை. "மார்னிதான் பந்தயத்துல ஜெயிச்சா. சிப்ஸ் பொட்டலத்தைப் பிரிக்கவே இல்ல. 'எனக்கு வேணாம் மிஸ், நான் தோக்கணும்னுதான் கட்டினேன்'னு என் கையில திணிச்சுட்டு ஓடிட்டா."

டாக்டர் ஹாலவே விம்மி விம்மி அழுதார். நானும் ஒரு டிஷ்யூவை உருவிக்கொண்டேன். எங்கள் மையத்தில் இரக்கத்துக்கு என்றைக்கும் பஞ்சம் இருந்ததில்லை.

அதன்பிறகு தெற்குப் பள்ளி ஏழாம் வகுப்புக்கு வாரத்துக்கு ஒரு தற்காலிக ஆசிரியர் வந்தார். வந்தவர்கள் பாடத்துக்குப் பதில் சினிமாப் படம் போட்டுக் காட்டிவிட்டுப் போனார்கள். மே மாதத் தேர்வு முடிவு வந்த அன்று, வாழ்நாளில் முதல்முறையாக க்ரோல் தாழ்வாரத்தில் குதித்துக்கொண்டு வந்தார்.

"விழுந்துடுச்சு! விழுந்துடுச்சு!"

"எவ்வளவு தூரம்?" என்று டாக்டர் ஹாலவே எழுந்தே நின்றுவிட்டார்.

"அடிமட்டத்துக்கு! போன வருஷத்தைவிடக் கீழ!"

"உங்க வானிலை என்ன பார்னபி?"

"வெயில் கொளுத்துது!"

கட்டிப்பிடித்துக்கொண்டோம். கேரட் கேக் வெட்டினோம். நாங்கள் விபத்து என்று நினைத்ததே வரமாகிவிட்டது. உதவி கிடைத்தபோது தெற்குப் பள்ளியின் மதிப்பெண் கோடு வரைபடத்தில் ஜம்மென்று ஏறியிருந்தது. நாங்கள் உதவியை வெட்டியதும் தொபுக்கடீர் என்று இறங்கியிருந்தது. உலகத்தில் எந்தக் குழுவும் இவ்வளவு சுத்தமான கோட்டைக் கண்டதில்லை என்று க்ரோல் சத்தியம் செய்தார்.

இலையுதிர் காலத்தில் சிகாகோவில், பெரிய ஹோட்டல் ஒன்றில் எங்களுக்கு விருது வழங்கினார்கள். 'ஆய்வுக்கு ஒத்துழைத்தவர்' என்று ரோஸ்லினையும் அழைத்திருந்தோம். இப்போது செல்போன் கடையில் வேலையாம். விடுப்புப் போட்டு வந்திருந்தார்.

டாக்டர் ஹாலவே அந்த மதிப்பெண் கோட்டைத் திரையில் காட்டி முடித்ததும், முன்வரிசையில் இருந்த கல்வி வாரியக் கனவான் ஒருவர் எழுந்தார்.

"இதுக்கு இவ்வளவு ஆய்வு எதுக்கு? ஸ்ப்ரூஸ் தெருப் பிள்ளைங்களுக்குப் படிப்பு ஏறாது. வீட்டு லட்சணம் அப்படி. அங்க போற டீச்சருங்களுக்கும் துப்பு கிடையாது."

டாக்டர் ஹாலவே பொங்கி எழுந்தார். அந்தச் சினத்தை நான் என்றும் மறக்கமாட்டேன்.

"வாயை அடக்குங்க! பிள்ளைங்கமேல ஒரு குத்தமும் கிடையாது. அவங்க வீட்டுமேல கிடையாது. டீச்சர்மேலயும் கிடையாது. அதைத்தான் இந்தக் கோடு சந்தேகத்துக்கு இடமில்லாம நிரூபிச்சிருக்கு!"

மண்டபத்தின் கடைசியில் ரோஸ்லின் எழுந்து நின்றார்.

"அப்ப யாரு மேடம் காரணம்?"

டாக்டர் ஹாலவே விருதை இரண்டு கைகளாலும் தலைக்கு மேலே தூக்கினார். "நாங்கதாம்மா! உதவியை நிறுத்தின அன்னைக்கே கோடு கீழ இறங்குது, பாருங்க! வேற யார் மேலயும் பழி போடவே முடியாது!"

மண்டபமே எழுந்து நின்று கைதட்டியது. ரோஸ்லின் தன் மேல்கோட்டை மாட்டிக்கொண்டு வெளியே போனார். குற்றம் செய்தவனைத் தேடிக்கொண்டு எத்தனையோ ஆய்வுகள் உலகம் பூராவும் அலைகின்றன. தங்களையே கையும் களவுமாகப் பிடித்து, அதற்கு விருதும் வாங்கி, தண்டனை மட்டும் ஏழாம் வகுப்புக்குப் போய்ச் சேரும்படி பார்த்துக்கொண்டவர்கள் நாங்கள் மட்டும்தான்.