ஏனுங்க எம்.எல்.ஏ., சாப்டாச்சுங்களா?

அரசியலில் பொய் சொல்லிக் கெட்டவர்கள் உண்டு, வாங்கக் கூடாததை வாங்கிக் கெட்டவர்கள் உண்டு. மரியாதைக்கு ஒரு வார்த்தை சொல்லிக் கெட்டவன் எனக்குத் தெரிந்து நான் ஒருவன்தான். (இன்னொருவர் இருந்தால் சொல்லுங்கள், வீடு தேடி வந்து சால்வை போர்த்துகிறேன். பீரோ நிறைய அதுதான் இருக்கிறது.)

நான் முன்னாள் எம்.எல்.ஏ. ஒரே ஒரு முறை. துடியலூரில் பம்புசெட் கடை வைத்திருந்தவனுக்குச் சீட்டு எப்படிக் கிடைத்தது என்று எல்லோரும் கேட்பார்கள். எங்கள் கட்சியில் இரண்டு கோஷ்டி. இவர்கள் சொன்ன ஆளை அவர்கள் ஏற்கவில்லை, அவர்கள் சொன்ன ஆளை இவர்கள் ஏற்கவில்லை. கடைசியில், கோபப்படும் அளவுக்குக்கூட யாருக்கும் பழக்கமில்லாத ஓர் ஆளைத் தேடினார்கள். அப்போது நான் கடையில் உட்கார்ந்து ஒரு பழைய மோட்டாருக்குச் செம்புக் கம்பியைச் சுற்றிக் காயில் கட்டிக்கொண்டிருந்தேன். மக்கள் தொண்டுக்கு அப்படித்தான் வந்து சேர்ந்தேன்.

நான் ஜெயித்தேன், கட்சி தோற்றது. எதிர்க்கட்சி எம்.எல்.ஏ.வுக்குச் சட்டசபையில் இருக்கும் முக்கிய வேலை வெளிநடப்பு. அதில் நான் ஒரு குறையும் வைக்கவில்லை. ஒருநாள் வேகமாக வெளியே வந்துகொண்டிருந்தபோது, முன்னால் போனவரிடம், "எதுக்குங்க வெளிநடப்பு?" என்று கேட்டேன். "தெரியலீங்க. வாங்க, கேண்டீன்ல கூட்டமா போயிரும்" என்றார். ஐந்து வருடத்தில் சபைக்குள் நான் கேட்ட ஒரே கேள்வி, எங்கள் தொகுதிக்குக் குடிதண்ணீர் எப்போது ஒழுங்காக வரும் என்பது. பரிசீலனையில் உள்ளது என்று பதில் வந்தது.

சென்னையில்தான் இந்த நிலைமை. ஊருக்கு வந்துவிட்டால் மூச்சுவிட நேரமிருக்காது. கல்யாணம், காதுகுத்து, கிரகப்பிரவேசம், இழவு என்று காலையில் காரில் ஏறினால் இருட்டும்வரை வீடு வீடாகப் போகவேண்டும். எங்கள் பக்கத்து வழக்கம் ஒன்று வெளியூர்க்காரர்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். வாசலில் கால் வைத்ததும், "ஏனுங்க, சாப்டாச்சுங்களா?" என்பார்கள். பார்த்தால் கேள்வி மாதிரி இருக்கும். உண்மையில் அது வணக்கம். "ஆச்சுங்க, இப்பத்தானுங்க. நீங்க சாப்டீங்களா?" என்று நாமும் திருப்பி ஒரு வணக்கம் வைத்துவிட வேண்டும். தப்பித் தவறி "இன்னும் இல்லீங்க" என்று சொல்லிவிட்டால் தீர்ந்தது. இலை போட்டுவிடுவார்கள். அடுத்த ஆறு வீடும் அன்றைக்கு அம்போ.

ஆகவே பசி காதை அடைத்தாலும் "ஆச்சுங்க" என்பேன். பல் டாக்டர் வாயைத் திறக்கச் சொல்லி, கருவியை உள்ளே விட்டுக்கொண்டே கேட்டபோதும் அதையேதான் சொன்னேன். தூக்கத்திலும் சொல்கிறேன் என்று என் மனைவி மரகதம் புகார் செய்திருக்கிறாள்.

ஐந்தாவது வருடம் வந்தது. மறுபடியும் சீட்டு கிடைக்குமா என்ற கவலையில் எனக்குச் சோறு இறங்கவில்லை. ஒன்றியச் செயலாளர் தங்கராசு என் நாற்காலியைப் பார்க்கும் பார்வையே சரியில்லை. மாவட்டச் செயலாளரை நாங்கள் சுருக்கமாக 'மாவட்டம்' என்போம். மாவட்டம் ஒருநாள் என்னைக் கூப்பிட்டார்.

"தண்ணிப் பிரச்சனைக்கு ஒரு உண்ணாவிரதம் போட்டுருங்க. காலையில எட்டுல இருந்து சாயந்தரம் அஞ்சு. மேலிடத்துல இருந்து பார்வையாளர் வாராருங்க. நல்லா நடந்துச்சுன்னா சீட்டு உங்களுக்குத்தானுங்க."

"சரிங்க" என்றேன்.

"சாப்பாட்டப் பத்திக் கவலைப்படாதீங்க. மேடைக்குப் பின்னால ஏற்பாடு பண்ணிரலாம்."

வீட்டுக்கு வந்து மரகதத்திடம் சொன்னேன். அவள் சிரித்தாள். "உண்ணாவிரதமுங்களா? நீங்களா? சஷ்டிக்கு விரதம் இருக்கேன்னுட்டுப் பத்து மணிக்கு உப்புமாச் சட்டிய வழிச்ச ஆளாச்சுங்களே."

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. ஐந்து வருடமாக ஊருக்கு ஒரு சொட்டுத் தண்ணீர் கொண்டுவர முடியவில்லை. எங்கள் அடுத்த தெரு சரசக்கா குடத்தைத் தூக்கிக்கொண்டு அலைவதைப் பார்க்கும்போதெல்லாம் காரின் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் போயிருக்கிறேன். ஒருநாள் சோற்றையாவது நிஜமாக விட்டுக்கொடுப்போம் என்று முடிவு செய்தேன். தங்கராசுவின் ஆட்கள் செல்போனை வைத்துக்கொண்டு சுற்றுவார்கள் என்ற பயமும் இருந்தது. (ரோஷம் பாதி, பயம் பாதி. அரசியலில் இதைத்தான் கொள்கை என்பார்கள்.)

உண்ணாவிரதத்தன்று காலையில் மரகதம் வேண்டுமென்றே அரிசிம்பருப்பு சாதம் செய்தாள். மேலே நெய்யை ஊற்றி, "ஒரு வாயி சாப்டுட்டுத்தான் போங்களேன்" என்றாள். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு, காபிகூடக் குடிக்காமல் கிளம்பினேன். என் அரசியல் வாழ்க்கையிலேயே அவ்வளவு நேர்மையாக நான் இருந்த நாள் வேறு கிடையாது.

போலீஸ் அனுமதி கொடுத்த இடம் மேட்டுப்பாளையம் ரோட்டில், ஒரு பேக்கரிக்கு நேர் எதிரே. எந்தப் புண்ணியவான் தேர்ந்தெடுத்தானோ தெரியவில்லை. அரை மணிக்கு ஒருமுறை சூடாகத் தேங்காய் பன் எடுத்தார்கள். மேடையின் முன்வரிசையில் காலிக் குடங்களை அழகாக அடுக்கியிருந்தோம். பின்னால் ஒரு துணித் தடுப்பு, அதற்குள் இட்லிக் குண்டா, தோசைக்கல், சாம்பார் வாளி, இலைக்கட்டு.

ஒன்பது மணிக்கு மாவட்டத்துக்குப் போன் வந்தது. "பேசிட்டு வாரேனுங்க" என்று தடுப்புக்குள் போனார். அங்கே போன் பேசியதற்கு அடையாளமாக மீசையில் ஒரு கறிவேப்பிலையோடு திரும்பி வந்தார். பிறகு ஒவ்வொருவருக்காகப் போன் வர ஆரம்பித்தது. தங்கராசுக்கு மட்டும் மூன்று தடவை வந்தது. மூன்றாவது போன் மசால் தோசையாக இருந்திருக்க வேண்டும், பேசி முடிக்க நேரமாகிவிட்டது. எனக்கு எந்தப் போனும் வரவில்லை. நான் காந்தி படத்துக்குக் கீழே சம்மணம் போட்டு அசையாமல் உட்கார்ந்திருந்தேன். மத்தியானத்துக்கு மேல் அந்தப் படத்தில் இருந்தவரும் பன் சாப்பிடுவது போலத் தெரிந்தது.

நாலரை மணிக்குப் பார்வையாளர் பெரிய காரில் வந்து, பல் குத்திக்கொண்டே இறங்கினார். டிவிக்காரர்களும் வந்தார்கள். கூட்டம் ரோடு வரைக்கும் நின்றது. "நீங்க ரெண்டு வார்த்தை பேசுங்க. முடிச்சதும் ஐயா ஜூஸ் குடுப்பாருங்க" என்று மாவட்டம் மைக்கை என் கையில் கொடுத்தார். பார்வையாளர் என்னைப் பார்த்துத் திருப்தியாகத் தலையசைத்தார். சீட்டு என் மடியில் விழுந்துவிட்டது என்றே நினைத்தேன். எழுந்து நின்றேன்.

அந்த நேரம் பார்த்துச் சரசக்கா மில் வேலை முடிந்து, தண்ணீர் விஷயமாக ஒரு மனுவோடு நேராக மேடைக்கு வந்தார். நல்ல மனுஷி. மனுவை நீட்டுவதற்கு முன்னால் முறைப்படி விசாரித்தார்.

"ஏனுங்க தம்பி, நல்லாருக்கீங்களா? ஊட்ல அம்மணி சௌக்கியமுங்களா?"

"நல்லாருக்கோமுங்க அக்கா."

"சாப்டாச்சுங்களா?"

"ஆச்சுங்க அக்கா, இப்பத்தானுங்க. நீங்க சாப்டீங்களா?"

மைக் என் வாய்க்கு நேரே இருந்தது. குழாய் ஸ்பீக்கர்களைச் செலவு பார்க்காமல் ரோடு நெடுகக் கட்டியிருந்தோம். "ஆச்சுங்க அக்கா, இப்பத்தானுங்க" என்று மேட்டுப்பாளையம் ரோடு முழுக்க என் குரல் கணீரென்று போய்ச் சேர்ந்தது.

"எனக்கும் ஆச்சுங்க" என்றார் சரசக்கா, மரியாதைக்கு.

பேக்கரியில் டீ குடித்துக்கொண்டிருந்த ஒருவர்தான் முதலில் சிரித்தார். அப்புறம் பஸ் ஸ்டாப், அப்புறம் பெண்கள் வரிசை, அப்புறம் பந்தோபஸ்துக்கு வந்த போலீஸ்காரர்கள். "என்னங்க சாப்டீங்க?" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. தங்கராசு துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார்.

"இல்லீங்க, நான் சாப்பிடலீங்க, நேத்து ராத்திரியில இருந்தே சாப்பிடலீங்க" என்று கத்தினேன். யாரும் காதில் வாங்கவில்லை. பார்வையாளர் என் பக்கம் குனிந்து, "விடுங்க சார், பெருசு பண்ணாதீங்க. இதுல என்ன இருக்கு? யார் சாப்பிடல?" என்றார்.

அதோடு விட்டிருந்தால் தப்பித்திருப்பேன். நாள் முழுக்கக் காய்ந்த வயிறு விடவில்லை. எனக்கு ஆத்திரமான ஆத்திரம், கிட்டத்தட்ட அழுகையே வந்துவிட்டது. "நான் சாப்பிடலீங்க சார். நீங்க எல்லாருந்தான் சாப்டீங்க. மாவட்டத்தோட மீசையப் பாருங்க, கறிவேப்பில இன்னும் அங்கதான் இருக்குது. தங்கராசு மூணு தடவ சாப்டாரு" என்றேன். மைக் கையிலேயே இருந்தது என்பது, எதிரே ஸ்பீக்கரில் 'மூணு தடவ சாப்டாரு' என்று கேட்டபோதுதான் தெரிந்தது. டிவி கேமராக்கள் எல்லாம் ஒன்றாக மாவட்டத்தின் மீசைக்குத் திரும்பின. எனக்குக் கண் இருட்டியது. அப்படியே சாய்ந்தேன்.

"தண்ணி தெளிங்க, தண்ணி தெளிங்க" என்று சத்தம் கேட்டதாம். மேடையில் வரிசையாகக் குடங்கள் இருந்தன. எல்லாம் காலி. அதைக் காட்டத்தானே அடுக்கினோம். கடைசியில் உண்ணாவிரதத்தை முடித்துவைக்க வைத்திருந்த எலுமிச்சை ஜூஸை எடுத்து முகத்தில் அடித்தார்கள். மயக்கத்திலும் நான் உதட்டை நக்கியிருக்கிறேன். அது ஒருவர் போனில் தெளிவாகப் பதிவாகி, பாட்டெல்லாம் சேர்த்து, மறுநாள் விடிவதற்குள் தொகுதி முழுக்கச் சுற்றியது. கூடவே, 'உண்ணாவிரதப் பந்தலில் எம்.எல்.ஏ.வுக்கு உண்ட மயக்கம்' என்று ஒரு வரி.

ஆஸ்பத்திரியில் டாக்டர் என்னைச் சோதித்துவிட்டு, "வயித்துல ஒண்ணுமே இல்லீங்க. இவரு நெசமாலுமே பட்டினிதான்" என்று எல்லோர் முன்னாலும் சொன்னார். ஒருவரும் நம்பவில்லை. டாக்டர் மரகதத்துக்குச் சித்தப்பா மகன்.

சரசக்கா மட்டும் தூக்குப்போசியில் ரசம் சாதத்தோடு ஓடி வந்தார். "என்னாலதானுங்க தம்பி எல்லாம். நெசமாவே வெறும் வயித்தோட இருந்தீங்களா கண்ணு?" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். நம்பிய ஒரே ஜீவன். பிறகு தூக்குப்போசியைத் திறந்துகொண்டே, "இப்பச் சாப்டாச்சுங்களா?" என்றார்.

"ஆச்சுங்க அக்கா, இப்பத்தானுங்க" என்றேன். கையில் குளுக்கோஸ் இறங்கிக்கொண்டிருந்தது. அவர் மூடியைப் போட்டு எடுத்துக்கொண்டு போய்விட்டார். மரகதம் தலையில் அடித்துக்கொண்டாள்.

சீட்டு தங்கராசுக்குப் போனது. நான் மாவட்டத்தின் வீட்டுக்குப் போய் நியாயம் கேட்டேன். அவர் மீசையை எடுத்திருந்தார்.

"சாப்டது தப்பில்லீங்க. அத மைக்குல சொல்லலாமுங்களா?"

"நான் சாப்பிடவே இல்லீங்க."

அவர் என்னை வருத்தத்தோடு பார்த்தார். "எங்கிட்டக் கூடவாங்க?" என்றார்.

மறுபடியும் கடைக்கு வந்து காயில் கட்ட ஆரம்பித்தேன். தங்கராசு ஜெயித்து எம்.எல்.ஏ. ஆகிவிட்டார். தண்ணீருக்காக இதுவரை எத்தனையோ உண்ணாவிரதம் இருந்துவிட்டார், ஒவ்வொன்றுக்கும் ஒரு சுற்றுப் பெருத்திருக்கிறார். தண்ணீர் இன்னும் பரிசீலனையில்தான் இருக்கிறது.

எனக்கு மிஞ்சியது அந்தக் கேள்விதான். உக்கடத்தில் பஸ் ஏறினால் கண்டக்டர் கேட்கிறார். கடைக்கு மோட்டார் கொண்டுவருகிறவர்கள் மோட்டாரை இறக்குமுன் கேட்கிறார்கள். எல்லோர் முகத்திலும் ஒரு சிரிப்பு. இது வணக்கமா, நக்கலா என்று எனக்கே தெரிவதில்லை.

போன மாதம் கொடுமுடியில் ஒரு சொந்தக்காரக் கல்யாணம். மரகதத்துக்குக் கால்வலி, நான் மட்டும் அதிகாலை பஸ்ஸில் ஒன்றும் சாப்பிடாமல் போயிருந்தேன். முகூர்த்தம் முடிந்ததும் தங்கராசு தன் படையோடு வந்தார். என்னைப் பார்த்ததும் மண்டபத்துக்கே கேட்கிற மாதிரி, "ஏனுங்க அண்ணா, சாப்டாச்சுங்களா?" என்றார்.

இந்தத் தடவை விடக் கூடாது என்று வைராக்கியமாக நிமிர்ந்தேன். "இல்லீங்க. இன்னும் சாப்பிடலீங்க. நல்ல பசிங்க" என்றேன்.

மண்டபமே விழுந்து விழுந்து சிரித்தது. தங்கராசு என் முதுகில் தட்டி, "அண்ணன் இன்னும் மறக்கலீங்க பாருங்க" என்று சொல்லிவிட்டுப் பந்திக்குப் போனார். பெண்ணின் அப்பா கண்ணில் நீர் வரச் சிரித்தபடி என் கையில் தாம்பூலப் பையைக் கொடுத்து, "அண்ணன் சாப்டுட்டாருங்க" என்று வாசல் வரை வந்து வழியனுப்பி வைத்தார்.

வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது பசியில் பேச்சு வரவில்லை. மரகதம் என் முகத்தைப் பார்த்தாள், கையிலிருந்த தாம்பூலப் பையைப் பார்த்தாள், ஒன்றும் கேட்காமல் தட்டை வைத்தாள். ஊரில் என்னிடம் அந்தக் கேள்வியைக் கேட்காத ஒரே ஆள் அவள்தான். அரிசிம்பருப்பு சாதத்தைப் போட்டு, நெய்யை ஊற்றிவிட்டு, கரண்டியை மைக் மாதிரி என் வாய்க்கு நேராக நீட்டினாள்.

"ரெண்டு வார்த்தை பேசிட்டுச் சாப்புடுங்க" என்றாள்.