குரங்குக்குப் போட்ட வெடி

முத்தையன்கட்டில் சுதாகரனைப் போலக் கெட்டிக்காரன் கிடையாது. ஆர் சொன்னது? சுதாகரன்தான் சொன்னான்.

கலியாணமாகி நாலு வருசம். பிள்ளை இல்லை. ஊரிலுள்ள அத்தனை கைப்பு மருந்தையும் குடித்தவள் அவன் மனைவி சிவரூபி. அத்தனை விரதத்தையும் பிடித்தவளும் அவள்தான். "கண்ணை மூடிக்கொண்டு குடியுமப்பா" என்று தைரியம் சொன்னவன் சுதாகரன். அவள் குடித்து முடியுமட்டும் வாசலில் நின்று ஒரு சிகரெட் பத்துவான். அவனுக்கும் கவலை இருக்காதா?

கடைசியில் வவுனியாவில் ஒரு டொக்டர் இரண்டு பேரையும் சோதித்தார். சிவரூபியில் ஒரு குறையும் இல்லை. டொக்டர் மற்றப் பக்கம் திரும்பினார்.

"தம்பி, சிகரெட் பத்துறனீரோ?"

"சும்மா இடைக்கிடை..."

"பெட்டிக்கணக்கிலை, டொக்டர்" என்றாள் சிவரூபி.

"விந்தணு குறைவாய் இருக்கு. இருக்கிறதுக்கும் நீந்தச் சத்தில்லை. சிகரெட்டும் அதுக்கு ஒரு காரணம். முழுசா விடும். பழசு போய்ப் புதுசு ஊறி வர மூண்டு மாசம் செல்லும். பிறகு பாப்பம்."

சுதாகரன் நடக்கப் பழக முந்திக் குளத்தில் நீந்தினவன். அவன்ரைக்கு நீச்சல் வராதாம்! மானம் போச்சு. அண்டைக்கே அம்மன் கோயிலில் கற்பூரம் கொளுத்தி, "இனி இந்தக் கையாலை சிகரெட் தொடேன்" என்று சத்தியம் பண்ணினான். கிழமை முடிய முந்தி அந்தக் கை சட்டைப்பையைத் தடவத் தொடங்கிவிட்டது.

அப்போதுதான் மூளை வேலை செய்தது. அவர்களுடைய கச்சான் கடலைத் தோட்டத்தில் குரங்கைக் கலைக்க வெடி கொளுத்திப் போட்டுக் காவல் இருப்பவள் சிவரூபி.

"நீர் நல்லாக் களைச்சுப்போனீர். இனிக் காவலுக்கு நான் போறன்."

"மெய்யாவோ? என்ர ராசா!"

வெடிப்பெட்டியையும் நெருப்புப்பெட்டியையும் அவளே எடுத்துக் கொடுத்தாள்.

திட்டம் இதுதான். ஒரு சிகரெட்டுக்கு ஒரு வெடி. சிகரெட் நுனியாலேயே திரியைப் பத்தவைத்தால், வெடிப்புகை மணத்தில் சிகரெட் மணம் அமுங்கிப்போகும். குரங்கு வந்ததா வரவில்லையா என்று ஆர் பார்த்தது? பின்னேரம் வீட்டுக்கு வந்தால் சிவரூபி மூக்கைச் சுளிப்பாள்.

"என்னப்பா மணக்குது?"

"வெடிமருந்து. அப்பப்பா, ஒரு படையே வந்ததப்பா!"

"ஐயோ பாவம், எவ்வளவு கஸ்ரப்படுறியள்" என்று தேத்தண்ணி ஊற்றுவாள். சுதாகரன் மனதுக்குள் தன் முதுகைத் தானே தட்டிக்கொடுப்பான்.

ஒருநாள் வந்து பார்க்க, அவள் முற்றத்தில் உடைந்த ஓடுகளைக் கூட்டிக்கொண்டு நின்றாள்.

"என்னப்பா, ஓடு உடைஞ்சு கிடக்கு?"

"குரங்கு."

"எந்தக் குரங்கு?"

"ஊரிலை இருக்கிறதே ஒரு கூட்டம். நீங்கள் காவலுக்குப் போன நாள் தொடக்கம் அதுகள் எங்கட கூரையிலைதான். அதுகளும் நானும் ஒண்டா இருந்துதான் உங்கட வெடிச்சத்தத்தைக் கேக்கிறனாங்கள்."

சுதாகரன் அண்ணாந்து கூரையைப் பார்த்தான். அங்கே ஒரு குரங்கு பல்லைக் காட்டியது.

"குரங்கில்லாத தோட்டத்திலை வெடி என்னத்துக்கெண்டு உங்கட சிகரெட் மணமே சொல்லிப்போட்டுது. ஒரு நாளைக்கெண்டாலும் வெடி குறையும் எண்டு பாத்தன்" என்றாள். கண் நிரம்பிவிட்டது. "நாலு வருசம் எல்லாக் கைப்பையும் நான் குடிச்சன். மலடி எண்ட பேரையும் நான்தான் சுமந்தன். எனக்கொரு பிள்ளை வேணுமப்பா. உங்களுக்கு வேண்டாமோ?"

சுதாகரனுக்குத் தன்னையே பிடிக்கவில்லை.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "டொக்டரோடை கதைச்சனான். கடைசிச் சிகரெட்டிலையிருந்துதான் மூண்டு மாசம் எண்ணோணுமாம். இனி ஒரு வெடி கேட்டாலும் திரும்ப முதலிலையிருந்து!"

"மெய்யாவே குரங்கு வந்தால்?"

"தகரத்தைத் தட்டுங்கோ. பக்கத்துத் தோட்டத்து வீரகத்தியண்ணையிட்டையும் சொல்லிப்போட்டன். ஒரு வெடி, ஒரு சிகரெட். அவர் கேட்டுக்கொண்டுதான் இருப்பார்."

அடுத்த நாளே குரங்குகள் கூரையை விட்டுத் தோட்டத்துக்கு வந்துவிட்டன. சுதாகரன் தகரத்தைத் தட்டிக்கொண்டு வரம்பு வரம்பாய் ஓடினான். குரங்குகள் கச்சானைப் பிடுங்கித் தின்றுகொண்டே அவனை வேடிக்கை பார்த்தன. கை வெடிப்பெட்டிக்குப் போகும், வேலிக்கு மேலால் வீரகத்தியின் தலை எட்டிப் பார்க்கும். கை திரும்பி வந்துவிடும். நாக்கு வறண்டது, கோபம் கோபமாய் வந்தது. ஆனாலும் பத்தவில்லை. சத்தியமாய்ப் பத்தவில்லை.

மூன்று மாசம் கழித்து டொக்டர் சிரித்தார். "இப்ப நீந்துதுகள்."

அடுத்த போகக் கச்சானுக்குக் காவல் தொடங்கிய ஒரு காலமை, சிவரூபி அடுப்படி வாசலில் நின்று மெல்லச் சொன்னாள், "இஞ்சேருங்கோ, நாள் தள்ளிப்போயிருக்கு. நேற்று கிளினிக்கிலையும் காட்டினனான். ஓமாம்."

சுதாகரன் சிரித்தான், அழுதான், ஒரே நேரத்தில் இரண்டும் செய்தான். சைக்கிளை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குப் பறந்தான். காவல் கொட்டிலில் அத்தனை மாசமும் தொடாமல் கிடந்த வெடிப்பெட்டியை எடுத்து, உள்ளதெல்லாவற்றையும் ஒன்றாய்க் கொட்டிக் கொளுத்தினான். குளக்கட்டே அதிர்ந்தது. அந்தப் புகைக்குள் நின்று, அப்பாவாகப் போகிறவன் துள்ளித் துள்ளி ஆடினான்.

புகை அடங்க முந்தி, வேலிக்கு அங்கால் வீரகத்தி போனுக்குள் கத்திக் குளறுவது கேட்டது.

"பிள்ளை சிவரூபி, கெதியா ஓடிவா! உன்ர மனிசன் ஒரு பெட்டிச் சிகரெட்டையும் ஒரேயடியாப் பத்திப்போட்டான்!"