வாய்வாடைச் சான்று

நாட்டில் எத்தனையோ தலைவலி இருக்க, குடிநீர் இணைப்பு அலுவலகத்தின் மேலதிகாரிக்குத் தன் ஊழியர்களின் ரத்த அழுத்தத்தைப் பற்றிக் கவலை வந்துவிட்டது. யாரோ கைப்பேசியில் அனுப்பிய காணொளி செய்த வேலை. மறுநாளே சுற்றறிக்கை வந்தது: "ஊழியர் அனைவரும் தினந்தோறும் வேகவைத்த பூண்டு உண்டு பணிக்கு வருதல் வேண்டும். உண்டமைக்கு வாய்வாடையே சான்றாகக் கொள்ளப்படும்."

இதில் வசமாக மாட்டிக்கொண்டவர் 'தற்காலிகம்'. வருஷக்கணக்காகத் தற்காலிக எழுத்தராகவே இருந்ததில் அவருக்கு ஒட்டிக்கொண்ட பெயர் அது. அவரை நிரந்தரமாக்கும் கோப்பு மேலதிகாரியின் கையெழுத்துக்குக் காத்துக் கிடந்தது. அதனால் மனிதர் சுற்றறிக்கையை வேதவாக்காக எடுத்துக்கொண்டார்.

மனைவி பூண்டை வேகவைத்துக் கொடுத்தாள். "சளிக்கும் வாயுவுக்கும் எங்கம்மா இதத்தான் குடுப்பாங்க. இதமா இருக்கும். பிரஷருக்கும் ஏதோ துளி உதவலாம். அதுக்காக டாக்டர் குடுத்த மாத்திரைய நிறுத்திப்புடாதீங்க."

அலுவலக வாசலில் மேலதிகாரியே மூக்கும் கையுமாக நின்றார்.

"ஊதுங்க."

தற்காலிகம் ஊதினார்.

"வாடையே இல்லையே?"

"வேக வெச்சா வாடை அடங்கிடும் சார். பலன்கூடக் கொஞ்சம் குறைஞ்சிடும்னு..."

"அப்போ சாப்பிடலன்னு ஒத்துக்கிறீங்க?"

"சாப்பிட்டேன் சார், நீங்க சொன்ன மாதிரியே..."

"சாப்பிட்டா வாடை வரும். வரல. ஆக, சாப்பிடல. நிரந்தர வேலைக்கு நேர்மை முக்கியம்ங்க."

அடுத்து தலைமை எழுத்தர் ஊதினார். மேலதிகாரிக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. "பிரமாதம்!" என்றார். பூண்டென்றாலே குமட்டும் அந்த மனிதர், ஒரு பச்சைப் பல்லை நசுக்கி மீசையில் தேய்த்துக்கொண்டு வந்திருந்தார்.

மீசை இல்லாதவர்கள் சட்டைக் காலரில் தேய்த்தார்கள். மனு கொடுக்க வந்த ஜனங்கள் வாசலிலேயே மூக்கைப் பொத்திக்கொண்டு திரும்பிவிட்டார்கள். சண்டை இல்லை, சச்சரவு இல்லை. மேசைக்கு மேசை குறட்டை. மேலதிகாரி வரவழைத்த டாக்டர் ரத்த அழுத்தத்தை அளந்து பார்த்தார். எல்லோருக்கும் அழுத்தம் இறங்கியிருந்தது. வேலை போய்விடுமோ என்று வெந்துகொண்டிருந்த தற்காலிகத்துக்கு மட்டும் எகிறியிருந்தது. பூண்டு தின்னாததற்கு இதைவிட என்ன அத்தாட்சி வேண்டும்?

மறுநாள் அவரும் பச்சைப் பூண்டை வெறும் வயிற்றில் கடித்து மென்றார். வயிறு எரிந்தது, மானமும் எரிந்தது. ஊதினார். மேலதிகாரி கண்ணைத் துடைத்துக்கொண்டே கோப்பில் கையெழுத்துப் போட்டார்.

கையோடு தலைமையகத்துக்கு அறிக்கையும் போனது. பதில் சுருக்கமாக வந்தது: "ஊழியர் நலம் பேணியமைக்குப் பாராட்டு. மேலதிகாரிக்குப் பதவி உயர்வு அளிக்கப்படுகிறது. ஒரு மனுவும் வராமையால், மக்கள் அனைவருக்கும் குடிநீர் கிடைத்துவிட்டதாகக் கருதி அலுவலகம் மூடப்படுகிறது."

தற்காலிகம் நிரந்தர ஆணையோடு வீடு திரும்பினார்.

"எந்த ஆபீஸ்ல நிரந்தரம்?" என்றாள் மனைவி.

"மூடின ஆபீஸ்ல."

அவள் குடத்தைக் கையில் கொடுத்தாள். தெருமுனையில் தண்ணீர் லாரி வந்திருந்தது. வரிசை மைல் நீளம். அவர் பெருமூச்சு விட்டதும் முன்னால் நின்றவர்கள் சிதறி ஓடினார்கள். முதல் குடம் அவருக்குத்தான்.

மறுநாள் வரிசையில் நின்ற அத்தனை பேரும் பூண்டு மென்றுகொண்டிருந்தார்கள். லாரிக்காரன் தெருமுனையிலேயே வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டான்.