இசக்கி சாப்பிட்டானா?

நாவல் எழுதுகிறவர்கள் விமர்சகர்களுக்குப் பயப்படுவார்கள் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அவர்கள் பயப்பட வேண்டிய ஆள் இந்த உலகத்தில் ஒருவர்தான். அவர் பாளையங்கோட்டையில் இருக்கிறார். பெயர் சோத்து டீச்சர்.

பெயரை நான் வைக்கவில்லை. எங்கள் வாசிப்பு வட்டத்துப் பிள்ளைகள் வைத்தது. முருகன்குறிச்சி பக்கம் ஒரு டியூஷன் சென்டரின் பின்னறையில் சனிக்கிழமை சாயங்காலம் கூடுவோம். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளும் இப்போதுதான் கல்லூரிக்குள் கால் வைத்தவர்களும், தாங்கள் வாசித்துக்கொண்டிருக்கும் இளையோர் நாவலைப் பற்றிப் பேசுவார்கள். நான் என் மகளைக் கொண்டுவிடப் போனவன். மகள் படிக்கக் கோயம்புத்தூருக்குப் போய்விட்டாள். நான் இன்னும் போய்க்கொண்டிருக்கிறேன். வீட்டில் கேட்டால் சமூகப் பணி என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

சோத்து டீச்சர் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். தனி ஆள். இளையோர் நாவல் தவிர வேறு எதையும் தொட மாட்டார். ஒருமுறை பெரியவர்களுக்கான நல்ல நாவல் ஒன்றை ஆசையாகக் கொண்டுபோய்க் கொடுத்தேன். நாலு பக்கம் புரட்டிவிட்டுத் திருப்பித் தந்தார்.

"இதுல எல்லாம் வளந்த தடிமாடுகளால்லா இருக்கு? அவனவன் பாத்துக்கிடுவான். எனக்கு எதுக்கு?"

நடை, உத்தி, பாத்திரப் படைப்பு என்று நாங்கள் அளந்துகொண்டிருப்போம். டீச்சரின் அளவுகோல் ஒன்றே ஒன்றுதான். கதையில் வருகிற பிள்ளை சாப்பிட்டதா, இல்லையா.

"நூறு பக்கம் தாண்டியாச்சு. அந்தப் பய காதலிச்சிட்டான், அடிபட்டுட்டான், அப்பன்ட்ட மல்லுக்கு நின்னுட்டான். ஒரு வாய் சோறு திங்கல. காத்தக் குடிச்சிட்டா சண்டை போடுதான்?"

ஒரு பையன் மாயாஜால நாவல் ஒன்றைப் பற்றிக் கண்கள் மின்னப் பேசினான். ராஜகுமாரி டிராகன் மேல் ஏறி மூன்று ராஜ்ஜியங்களைக் கடந்து போகிறாளாம். டீச்சர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அவ திங்கல, சரி. அம்புட்டுத் தூரம் சொமந்துக்கிட்டுப் போச்சே, அந்த டிராகனுக்காவது எதாவது போட்டாளா?" என்று கேட்டார். பையன் அந்த நாவலை அதற்குமேல் வாசிக்கவே இல்லை. டிராகனைப் பார்த்தாலே பாவமாக இருக்கிறதாம்.

டீச்சரை எதிர்த்துப் பேசுகிற தைரியம் ஆயிஷாவுக்கு மட்டும்தான் உண்டு. மேலப்பாளையத்திலிருந்து வருகிறவள். பிளஸ் டூ படிக்கிறாள். வாய் மட்டும் வக்கீலுக்குப் படித்து முடித்துவிட்டது.

"டீச்சர், எழுதலேன்னா சாப்பிடலேன்னு அர்த்தமா? அவங்க பாத்ரூம் போறதக்கூடத்தான் யாரும் எழுதல."

"ஏட்டி, அத எழுத வேண்டாம். சோத்த எழுதணும்."

"எதுக்கு டீச்சர் எப்பப் பாத்தாலும் சோறு, சோறுன்னு?"

இதற்கு டீச்சர் ஒவ்வொரு வாரமும் ஒவ்வொரு பதில் சொல்வார். எழுத்தாளர்களுக்குச் சமைக்கத் தெரியாது, அதனால் மறைக்கிறார்கள் என்பார் ஒருநாள். ஒரே ஒருநாள் மட்டும் குரலை இறக்கிச் சொன்னார். "மூணாவது பீரியட்ல ஒரு பய தூங்கி விழுந்தான். எழுப்பி நாலு சாத்து சாத்துனேன். பெறவுதான் தெரிஞ்சுது, வீட்ல அடுப்பே பத்த வைக்கலன்னு. அந்தப் பய இப்பம் எங்கன இருக்கானோ! அவன்ட்ட கேக்க முடியாது. இந்தப் புஸ்தகத்துப் புள்ளைகள்ட்டயாவது கேக்கேன்." சொல்லிவிட்டு உடனே, "எவம்லே அங்கன முறுக்கு டப்பாவ மூடி வச்சது? திங்கத்தான கொண்டாந்தேன்?" என்று சத்தம் போட்டார்.

வட்டத்துக்கு ஒரு விதி உண்டு. போட்டவரும் டீச்சர்தான். நாவலை வாசித்துக்கொண்டிருப்பவர்தான் பேசலாம்; முடித்தவர் வாயைத் திறக்கக் கூடாது. மீறி முடிவைச் சொல்லிவிட்டால் கூட்டம் முடிகிற வரை வெளியே வராந்தாவில், வேப்பமரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டும்.

"முடிச்சவனுக்கு எல்லாம் தெரிஞ்ச திமிரு வந்துரும். பாதியில நிக்கவனுக்குத்தான் அந்தப் புள்ளையப் பத்திக் கவலை இருக்கும். கவலைப்படுதவன் பேசட்டும்" என்பார். யோசித்துப் பார்த்தால், இதைவிட நல்ல இலக்கியக் கொள்கை எதையும் நான் கேட்டதில்லை.

கவலைப்படுவதை டீச்சர் வட்டத்தோடு நிறுத்திக்கொண்டிருந்தால் பரவாயில்லை. நானும் அவரும் ஒரே சபை. எங்கள் பக்கத்துக் கிறிஸ்தவர்கள் குருவானவரை ஐயர் என்றுதான் அழைப்போம். ஞாயிறு ஆராதனையில் ஐயர், "விசேஷ ஜெபம் வேண்டுகிறவர்கள் சொல்லலாம்" என்பார். பெஞ்சுகளிலிருந்து எழுந்து சொல்வார்கள். மூட்டுவலி, மகனுக்கு வேலை, மருமகனுக்கு விசா. ஒரு ஞாயிறு டீச்சர் எழுந்தார்.

"மீரான்னு ஒரு புள்ள, ஐயரே. பதினாலு வயசு. ஆஸ்டல் சுவரேறிக் குதிச்சு ரயிலேறிட்டா. கையில துட்டு இல்ல. பட்டினியாக் கெடக்கா."

சபை உருகிவிட்டது. ஐயர் தழுதழுத்த குரலில் ஜெபித்தார். ஆராதனை முடிந்ததும் மாதர் சங்கத்து அக்காமார் இருவர் டிபன் கேரியரோடு ஜங்ஷன் ரயில் நிலையத்துக்கு ஆட்டோ பேசிவிட்டார்கள். ரயில்வேயில் வேலை பார்க்கும் அண்ணாச்சி ஒருவர் அவசரமாக வந்து, "புள்ள போட்டோ இருக்கா டீச்சர்? எல்லா ஸ்டேஷனுக்கும் அனுப்பிருவோம்" என்றார். டீச்சர் பையிலிருந்து புத்தகத்தை எடுத்து அட்டையைக் காட்டினார்.

"என்ன டீச்சர், இது படம்லா வரைஞ்சிருக்கு?"

"ஆமா. முகம் கிட்டத்தட்ட இப்படித்தான் இருக்கும்."

ஐயருக்கு வந்த கோபத்தில் அங்கியைக் கழற்றக்கூட மறந்துவிட்டார். "கதைப் புஸ்தகத்துல வாறவளுக்கா சபையே கண்ணீர் விட்டோம்?"

"அதுக்கென்ன ஐயரே? பண்ணுன ஜெபம் வீணாவா போயிரும்? எங்கனயாவது நெசமாவே ஒரு மீரா பிளாட்பாரத்துல நிப்பா. அவளுக்குப் போய்ச் சேரட்டும்."

ஐயர் அப்போதுதான் அங்கியைக் கழற்றினார். ஆனால் அதற்குப் பிறகு டீச்சர் ஜெபத்துக்கு எழுந்தால், "ஆளா, புஸ்தகமா?" என்று கேட்டுவிட்டுத்தான் கண்ணை மூடுவார்.

இப்படியிருக்கையில்தான் இசக்கி வந்து சேர்ந்தான். நீல அட்டை போட்ட நாவலின் நாயகன். ராதாபுரம் பக்கத்துப் பையன். பத்தாவதில் தோற்று, அப்பாவிடம் அடிவாங்கி, சென்னைக்கு ஓடிப்போய் ஒரு ஓட்டலில் வேலைக்குச் சேர்கிறான். ஊருக்குத் திரும்புவானா என்பதுதான் கதை. நாங்கள் எல்லோரும் ஒரே மூச்சில் முடித்துவிட்டோம். டீச்சர் வாரத்துக்கு ஒரு அத்தியாயம்தான். "அவன விட்டுட்டு நான் முன்னால ஓட மாட்டேன்" என்றுவிட்டார். முடித்தவர்கள் பேசக் கூடாது என்பதால், சனிக்கிழமைதோறும் டீச்சர் மட்டும் பேச, மற்ற எல்லோரும் உதட்டைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம்.

"ஊருக்கே தட்டம் தட்டமா எடுத்து வைக்கான். அவன் என்ன தின்னான்னு ஒரு வரி இல்ல. எழுதுனவரு என்ன மனுசம்வே?"

அப்படிப் பேசிக்கொண்டிருந்த ஒரு சாயங்காலம்தான் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நாற்காலியில் சாய்ந்தார். ஆயிஷாதான் முதலில் ஓடிப்போய்த் தாங்கினாள். ஆஸ்பத்திரியில், நெஞ்சைத் திறந்து ஆபரேஷன் செய்தாக வேண்டும், இந்த வயதில் உறுதியாக எதுவும் சொல்ல முடியாது என்றார்கள். திங்கட்கிழமை காலையில் என்று நாள் குறித்தார்கள்.

முந்தின நாள் ஞாயிறு. ஜெபத்துக்கு நான் எழுந்தேன். தேவ சமூகத்தில் போய் சோத்து டீச்சர் என்று சொல்ல வாய் வரவில்லை. சபையிலும் அவர் எல்லோருக்கும் டீச்சர்தான்; அவருடைய உண்மையான பெயரே எனக்கு ஆஸ்பத்திரிக் கட்டிலில் மாட்டியிருந்த அட்டையைப் பார்த்துத்தான் தெரியும். "தங்கபுஷ்பம் என்கிற சகோதரிக்கு நாளைக்கு நெஞ்சில் ஆபரேஷன். நிலைமை மோசம். ஜெபித்துக்கொள்ளுங்கள்" என்றேன்.

ஐயர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ஆளா, புஸ்தகமா?"

சபை சிரித்தது. "இவரும் அந்த வட்டம்தான" என்றது பின் பெஞ்சு. "தங்கபுஷ்பம் சாப்பிட்டாளா?" என்று யாரோ டீச்சர் குரலிலேயே கேட்க, சின்னப் பிள்ளைகள் உருண்டு உருண்டு சிரித்தார்கள். முன் பெஞ்சைப் பிடித்துக்கொண்டு, சிரிப்பு அடங்குவதற்குள் சத்தமாகவே சொன்னேன்.

"ஆளுதான் ஐயரே. நம்ம சோத்து டீச்சர்."

சிரித்த பிள்ளைகளை அம்மாமார் இழுத்து உட்காரவைத்தார்கள். ஐயர் கண்ணை மூடினார். அவர் ஜெபத்தை ஆரம்பிக்க வெகுநேரம் ஆயிற்று.

அன்று மத்தியானம் ஆஸ்பத்திரி வராந்தாவில் டிபன் கேரியர்கள் வரிசையாக வந்து இறங்கின. ரயில்வே அண்ணாச்சி பிரியாணியோடு நின்றார். ஆயிஷாவின் உம்மா இடியாப்பமும் பாலும் கொண்டு வந்திருந்தார். டீச்சருக்கோ மருந்துக்கஞ்சி தவிர வேறெதுவும் ஆகாது. படுத்தபடியே நர்ஸைக் கூப்பிட்டு, "யம்மா, அடுத்த கட்டிலுக்குத் தொணைக்கு வந்திருக்க புள்ள காலையிலருந்து ஒண்ணும் திங்கல. அவளுக்குக் குடு. நீ சாப்டியா?" என்று எல்லாவற்றையும் பங்குவைத்தார். வார்டே ஏப்பம் விட்டது.

கூட்டத்தை வெளியே அனுப்பிய பிறகு என்னை மட்டும் கையைக் காட்டி நிறுத்தினார். அந்தத் தைரியமெல்லாம் முகத்திலிருந்து இறங்கியிருந்தது.

"ஏலே, கண்ணாடியப் புடுங்கி வச்சுட்டாங்க. கடைசி ரெண்டு அத்தியாயம் பாக்கி. நீ முடிச்சிட்டேல்லா?"

"டீச்சர், முடிச்சவங்க வாயத் திறக்கக் கூடாதுல்லா."

"விதி போட்டவளுக்கே விதியா? நாளைக்கு எப்படியோ என்னமோ. பாதியில விட்டுட்டுப் போக முடியலலே. சொல்லு. இசக்கி வீட்டுக்கு வந்தானா?"

அந்த நாவலின் முடிவை நான் வீட்டில் மணிக்கணக்காகப் புகழ்ந்திருக்கிறேன். இசக்கி சென்னையில் ஊர் பஸ் நிற்கிற இடம்வரை வருவான். பஸ் புறப்படும். ஏறாமல் பார்த்துக்கொண்டு நிற்பான். அவ்வளவுதான் கதை. என்ன அடக்கம், என்ன கலை என்றெல்லாம் சொல்லியிருக்கிறேன். அந்தக் கட்டிலருகே நின்றபோது, எழுதியவரைக் கூப்பிட்டு நாலு கேள்வி கேட்க வேண்டும் போலிருந்தது.

"வந்துட்டான் டீச்சர்."

"சாப்பிட்டானா?"

"சாப்பிட்டான்."

"என்ன?"

கணக்கு டீச்சர் அல்லவா, விடையை மட்டும் சொன்னால் விடமாட்டார். "சுடுசோறும் சாளை மீன் கொழம்பும்" என்றேன்.

டீச்சர் நெற்றியைச் சுருக்கினார். "அவன் அம்மைக்கு மீன் வாடையே ஆகாதுன்னு மூணாவது அத்தியாயத்துல இருக்கே?"

எனக்கு வேர்த்துவிட்டது. "அம்மை வைக்கல டீச்சர். அக்கா."

"அக்காளத்தான் திசையன்விளையில கட்டிக் குடுத்துட்டாங்கல்லா?"

"வந்திருந்தா டீச்சர். தம்பி வாறான்னு கேள்விப்பட்டு ஓடி வந்துட்டா."

"எத்தன வாட்டி சோறு வாங்குனான்?"

"ரெண்டு வாட்டி. அப்பாதான் பக்கத்துல உக்காந்து கொழம்பு ஊத்துனாரு."

"அவனா? அந்த முரடனா?" டீச்சர் கண்ணை மூடிக்கொண்டார். முகத்தில் சிரிப்பு மெல்லப் பரவியது. "அப்பம் சரி" என்றார்.

டீச்சர் பிழைத்துக்கொண்டார். நெடுநாள் ஓய்வுக்குப் பிறகு ஒரு சனிக்கிழமை, பாதியாக மெலிந்த உடம்போடு, முறுக்கு டப்பாவும் நீலப் புத்தகமுமாக ஆட்டோவிலிருந்து இறங்கினார். பிள்ளைகள் கைதட்டினார்கள். எனக்குக் கை எழவில்லை. அவருடைய கண்ணாடியைத் திருப்பிக் கொடுத்து நாளாயிற்று என்பது எனக்குத் தெரியும்.

"முடிச்சிட்டேன்" என்றார், என்னையே பார்த்து. "பஸ்ஸுல ஏறாம நிக்கானாம்."

நான் தரையைப் பார்த்தேன். பிள்ளைகளுக்கு ஒன்றும் விளங்கவில்லை.

"அன்னைக்கு ஆபரேஷனுக்கு ஊசி போட்டுக் கண்ண இருட்டிக்கிட்டு வருது. எனக்குப் பயமா இருக்கு. பாத்தா அந்தப் பய சம்மணம் போட்டு உக்காந்து, கையெல்லாம் கொழம்பா, தின்னுக்கிட்டே இருக்கான். கண்ணால பாத்தேன்." டீச்சர் புத்தகத்தை மூடி மடியில் வைத்தார். "நீ சொன்னதுதாம்லே சரி. புஸ்தகத்துல தப்பாப் போட்டிருக்கான்."

ஆயிஷாவுக்குத்தான் முதலில் விளங்கியது. "டீச்சர், அப்பம் சாரு முடிவச் சொல்லிட்டாங்களா? விதி?" என்றாள்.

"விதி விதிதான்" என்றார் டீச்சர். "எந்திரிலே. வெளிய போ. ரெண்டு முறுக்க எடுத்துக்கிட்டுப் போ, வெறும் வயித்தோட உக்காராத."

வராந்தாவில் போய் உட்கார்ந்தேன். உள்ளே ஆயிஷா புதிய நாவல் ஒன்றைப் பற்றிப் பேச ஆரம்பித்தாள். கதாநாயகி கண்விழித்ததும் ஜன்னல் வழியாக மழையைப் பார்க்கிறாளாம்.

"மழை கெடக்கட்டும். காலையில என்ன சாப்பிட்டா?"

குரல் முன்னைவிட இளைத்திருந்தது. ஆனாலும் வேப்பமரம் வரைக்கும் கேட்டது. முறுக்கைக் கடித்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்திருந்தேன். கூட்டம் சீக்கிரம் முடிந்துவிடக் கூடாதே என்றிருந்தது.