தேக்கு மில்லில் ஒரு பூர்ஜம்

ஒரு மரத்துக்காக ஊரையே பகைத்துக்கொண்ட மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான். அவரோடு ஒரே அறையில் உட்கார்ந்து வேலை பார்க்கும்படி என் தலையில் எழுதியிருந்தது. பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளம் கொடுத்தவருக்கே மறந்துவிட்டது. எல்லோருக்கும் அவர் பூர்ஜம். பர்மாக்காரத் தொழிலாளிகளுக்கு, அண்ணன் என்ற மரியாதையோடு, கோ பூர்ஜம்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளில், ரங்கூன் ஆற்றோரத்துத் தேக்கு மில் ஒன்றில் நாங்கள் குமாஸ்தாக்கள். தேக்கைத் தவிர வேறெதையும் மரம் என்றே ஒப்புக்கொள்ளாத இடம் அது. இவரைக் கொஞ்ச காலம் வடக்கே கச்சின் மலைக்குக் கணக்கெழுத அனுப்பினார்கள். மலைக் காய்ச்சலோடும், அங்கே பார்த்த, வெள்ளைக்காரன் 'பர்ச்' என்கிற பூர்ஜ மரத்தின்மேல் ஒரு பித்தோடும் திரும்பி வந்தார். காய்ச்சலாவது அவ்வப்போது விட்டது.

தேயிலை அடைக்கச் சீமையிலிருந்து வரும் காலிப் பெட்டியை உடைத்து, அதன் பலகையை என் மேஜைமேல் போடுவார். "பாருய்யா! ஏடு ஏடா உரிச்சு, பசை போட்டு ஒட்டியிருக்கான். அத்தனையும் பூர்ஜம். அதே ஜாதி மரம் நம்ம மலையில நின்னு மக்கிப் போகுது. நாம கப்பல் கூலி குடுத்து இதை வாங்குறோம். வெக்கமா இல்லே?"

எனக்கெதற்கு வெட்கம்? பெட்டி வியாபாரம் என்ன என் பாட்டன் சொத்தா? ஆனால் அப்படிச் சொல்லிவிட்டால் தொலைந்தோம். நாற்காலிக் கால், கோடாலிப் பிடி, நூல் சுற்றும் கட்டை என்று பூர்ஜத்தின் பெருமை சாயங்காலம் வரை ஓடும். லத்தா தெருவில் நாற்காலி செய்யும் சீனத் தச்சர் ஒருவர், இவர் தலை தெருமுனையில் தெரிந்ததுமே கடையைச் சாத்துவார்.

சக குமாஸ்தாவின் கல்யாணத்தில், மாப்பிள்ளையை எழுந்து நிற்கச் சொல்லிவிட்டு மணையைப் புரட்டிப் பார்த்தார். "உக்கார்ற பலகைக்குத் தேக்கா? அக்கிரமம்!" என்றார். முகூர்த்தம் போய்விடும் என்று புரோகிதர் கத்தினார். இன்னொரு சமயம் சுடுகாட்டில், கொட்டுகிற மழையில் சிதை பற்றவில்லை. இவர் மடியிலிருந்து பூர்ஜப் பட்டையை எடுத்துச் செருகினார். குப்பென்று பிடித்துக்கொண்டது. "பாத்தீங்களா! ஈரத்துலகூட எரியும்!" என்று இவர் துள்ளியதைப் பார்த்து, இறந்தவரின் மகன் அடிக்க வந்துவிட்டான்.

கடைசியில் தொல்லை தாங்காமல் மில் துரையே இறங்கி வந்தார். ஒரு வண்டி பூர்ஜக் கட்டை ரயிலில் வரட்டும், அறுத்துப் பார்க்கலாம் என்றார். இவர் அதோடு வாயை மூடியிருக்கலாமே! "பலகை நல்லா வரலேன்னா என் சீட்டைக் கிழிச்சிடுங்க துரை" என்று வேலையைப் பந்தயம் வைத்தார். 

தேக்கு பரம சாது. ஆற்றுக்கரைச் சேற்றில் மாசக்கணக்கில் போட்டு வைத்தாலும் கெடாது. மில்லுக்கு வரும் கட்டையெல்லாம் முதலில் சேற்றுக்குத்தான் போகும். பூர்ஜத்தை வந்த கையோடு அறுத்து, நிழலில், காற்றாட அடுக்க வேண்டும். இதைக் கரை மேஸ்திரி மாணிக்கத்திடம் படித்துப் படித்துச் சொன்னார்.

கட்டை வந்தபோது இவர் காய்ச்சலில் ஆஸ்பத்திரியில் கிடந்தார். நான் துரையோடு மோல்மேன் போயிருந்தேன். மாணிக்கத்துக்குத் தலைகால் புரியவில்லை. "நம்ம அண்ணனோட மரம்டா! தேக்குக்கு ஒரு படி கொறையாம வைக்கணும்!" என்று கட்டைகளுக்கு மாலை போட்டு, கற்பூரம் காட்டி, உயர்ந்த தேக்குக்கென்று இருந்த இடத்தைக் காலி செய்து, சொன்னதையெல்லாம் மறந்து சேற்றிலேயே இறக்கிவிட்டார். எல்லாம் பிரியம்தான். அந்தப் பிரியத்தில் இடி விழ!

இரண்டு மாசம் கழித்து நாங்கள் திரும்பி வந்தபோது கட்டைகளில் காளான் பூத்திருந்தது. துரை கைத்தடியால் குத்தினார். தடி உள்ளே போய் நின்றது. செய்தி கேட்டு, ஆஸ்பத்திரிக் கம்பளியோடு பூர்ஜம் ஓடி வந்தார்.

"யார் இதைச் சேத்திலே போட்டது?" என்றார் துரை, தனக்குத் தெரிந்த தமிழில்.

 பூர்ஜம் உண்மையைச் சொன்னால் போதும். மேஸ்திரி போவார், இன்னொரு வண்டி மரம் வரும், இவர் ஜெயிப்பார். சொல்லித் தொலையுமய்யா என்று எனக்கு நாக்குத் துடித்தது.

"நான்தான் போடச் சொன்னேன் துரை" என்றார் பூர்ஜம். "இந்த மரம் சரிப்படாது. எனக்குத் தெரியாமப் போச்சு."

தன் வாயாலேயே சொன்னார்! அன்று சாயங்காலமே சீட்டுக் கிழிந்தது. துரை அதற்கப்புறம் பூர்ஜம் என்ற பேச்சையே எடுக்கவில்லை. பெட்டிகள் சீமையிலிருந்து வந்துகொண்டே இருந்தன.

மாணிக்கம் அழுதுகொண்டே காலில் விழப்போனார். "எழுந்திருய்யா" என்றார் பூர்ஜம். "மரம் மலையில நிக்குது, எங்கேயும் ஓடிடாது. உன் புள்ளைங்க நாளைக்குச் சாப்பிட வேணாமா?"

அவர் ஊருக்குக் கப்பலேறும் வரை திட்டித் தீர்த்தேன். இன்றும் நினைத்தால் திட்டுகிறேன். வேறு யாராவது அவரைப் பைத்தியம் என்றால் மட்டும் சண்டைக்குப் போய்விடுகிறேன்.