மோட்டாருக்கு மரியாதை

மனித குலத்துக்குக் காது முளைத்து எவ்வளவோ காலமாகிறது. ஆனால் அதை எதற்காகத் தலையின் இரண்டு பக்கமும் மாட்டிக்கொண்டு திரிகிறோம் என்ற உண்மை, எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் பொது அறையில், ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, டீ வருவதற்குச் சற்று முன்புதான் உலகுக்குத் தெரியவந்தது. அந்த வரலாற்றுத் தருணத்தில் ஸ்பீக்கருக்கு வயர் செருகிய கை என்னுடையது. ஆகவே இதை எழுதும் தகுதி எனக்கு உண்டு.

எங்கள் 'நுண்செவி வட்டம்' பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். சோதனை இசை, சோதனை ஒலி பற்றிய குறும்படங்களை மாதாமாதம் திரையிட்டு, குடியிருப்பு மக்களின் காதுகளைப் பண்படுத்துவது வட்டத்தின் நோக்கம். தலைவர், இன்சூரன்ஸ் கம்பெனியில் பெரிய பதவி வகித்து ஓய்வு பெற்றவர். பணிக்காலம் முழுக்க ஜனங்களின் குறைகளைக் கேட்டுக் கேட்டு, எதுவும் செய்யாமலேயே இருந்து, கேட்பதை ஒரு தூய கலையாக வளர்த்தவர். குடியிருப்புச் சங்கத்துக்கும் அவர்தான் தலைவர். 'எல்லா ஒலியும் இசையே' என்ற வட்டத்தின் கொள்கையைப் பொது அறை வாசலில் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டியிருக்கிறோம்.

நான் ஊரை விட்டு வெகுதூரம் வந்து மேல்மாடியில் ஒண்டியாக இருப்பவன். பல நாள் என்னிடம் பேசுவது எங்கள் லிப்ட் மட்டும்தான். "கதவு மூடுகிறது" என்று சொல்லும். அதற்கு மேல் பழக்கத்தை வளர்க்க அது விரும்புவதில்லை. வட்டத்தில் சேர்ந்தால் நாலு பேர் பேச்சு காதில் விழுமே என்று சேர்ந்தேன். சேர்ந்த பிறகுதான் தெரிந்தது, அங்கே பேசக் கூடாது. கைதட்டவும் கூடாது. கைதட்டல் 'ஒலி வன்முறை'. படம் பிடித்திருந்தால் கண்ணை மூடி, மூச்சை நீளமாக இழுத்து விடவேண்டும். இந்த ஒரே விதியால், படத்தை ரசித்தவருக்கும் படத்தில் தூங்கியவருக்கும் இடையே இருந்த ஏற்றத்தாழ்வு எங்கள் வட்டத்தில் அடியோடு ஒழிந்தது.

கீழ்த்தளத்தில் ஒரு நர்ஸ் அக்கா வாடகைக்கு இருந்தார். ராத்திரி டியூட்டி. பகலில்தான் தூங்கவேண்டும். அவருடைய படுக்கையறைச் சுவருக்கு அந்தப் பக்கம் குடியிருப்பின் தண்ணீர் மோட்டார். அது பேரிங் போன மோட்டார். முதலில் இருமும். அப்புறம் உறுமும். பிறகு தகர டப்பாவில் கூழாங்கல்லைப் போட்டுக் குலுக்குவதுபோல ஒரு நிலைக்கு வந்து, டேங்க் நிறைகிற வரை அதிலேயே நிற்கும். பகலெல்லாம் விட்டு விட்டு ஓடும்.

அக்கா தலைவரை லிப்ட் வாசலில் மடக்கியபோது நான் பக்கத்தில் இருந்தேன்.

"சார், அந்த மோட்டாரக் கொஞ்சம் பின்பக்கம் மாத்திடுங்க சார். பகல்ல கண்ண மூட முடியல. முந்தாநாள் வார்டுல நின்னுக்கிட்டே தூங்கிட்டேன். இன்னொரு தடவ பாத்தா வீட்டுக்கு அனுப்பிடுவேன்னு மேட்ரன் சொல்லிட்டாங்க."

"பின்பக்கம் எங்க பால்கனி இருக்கேம்மா."

"அது மூணாவது மாடியில இருக்கு சார்."

"சத்தம் மேல ஏறும்மா. அது அதோட சுபாவம்."

"அப்போ சத்தம் இருக்குன்னு ஒத்துக்கறீங்கல்ல?"

"இப்போ இல்ல. எங்க பக்கம் வந்தா இருக்கும்."

இவ்வளவு தெளிவான ஒலிக் கோட்பாட்டை நான் அதற்கு முன் கேட்டதில்லை. அக்காவுக்குத்தான் புரியவில்லை. தூக்கமில்லாதவர்களுக்குத் தத்துவம் ஏறாது.

இந்தக் கட்டத்தில் மாப்பிள்ளை வருகிறார். தலைவரின் மகளைக் கட்டியவர். அதற்கு முன்போ பின்போ வேறு எதையும் செய்து முடித்ததாகத் தகவல் இல்லை. ஆகவே குறும்பட இயக்குனர். மாமனார் வீட்டுக்குக் குளிக்க வந்தவர், குழாயில் காது வைத்துக் கேட்டபோது மோட்டாரின் குரல் அவருக்கு 'அருளப்பட்டது'. மறுநாளே ரோமம் போர்த்திய மைக்கைப் பூனைக்குட்டிபோல் அணைத்துக்கொண்டு நர்ஸ் அக்கா வீட்டுக் கதவைத் தட்டினார். வயர் சுருளோடு பின்னால் நான்.

கதவைத் திறந்த அக்காவின் முகம் அப்படி மலர்ந்து நான் பார்த்ததில்லை.

"வாங்க தம்பி, வாங்க! கடைசியில ஆள் அனுப்பிட்டாங்களா? நல்ல வேளை, இப்போ மோட்டாரப் போட்டுடுவாங்க. நீங்களே கேளுங்க."

நாற்காலியைத் துடைத்துப் போட்டார். கட்டிலை நகர்த்தி இடம் பண்ணிக் கொடுத்தார். மோட்டார் இருமியது, உறுமியது, டப்பாவைக் குலுக்கத் தொடங்கியது. மாப்பிள்ளை சுவரோரம் மண்டியிட்டார். கண் கலங்கியது.

"அண்ணா, என்னா ஆழம் பாருங்க!" என்றார் என்னிடம்.

"ஆமா தம்பி, மண்டைக்குள்ளயே எறங்குது" என்றார் அக்கா. "தலகாணிய மடிச்சு வெச்சுக்கிட்டாலும் எறங்குது. நேத்தெல்லாம்…"

"அக்கா, கொஞ்சம் பேசாம இருங்க. உங்க குரல் குறுக்க விழுது."

அக்கா சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டார். தன் வழக்குக்குத் தன் குரலே கெடுதல் செய்துவிடக் கூடாதே என்று, மோட்டார் நிற்கிற வரை மூச்சைக்கூட அடக்கியே விட்டார். கிளம்பும்போது வாசல்வரை வந்தார்.

"இத எல்லாருக்கும் போட்டுக் காட்டுவீங்கல்ல தம்பி?"

"கட்டாயம்க்கா. எல்லாரும் கேக்கணும்."

"கேட்டுட்டா, அப்புறம் யாரும் இல்லேன்னு சொல்ல முடியாதுல்ல?"

"யாராலயும் மறுக்க முடியாதுக்கா."

இருவரும் ஒரே விஷயத்தைப் பேசுவதாக இருவருமே நம்பினார்கள். இடையில் நின்ற எனக்கு மட்டும் விவரம் தெரியும். ஆனால் வட்டத்தின் உறுப்பினன், குறுக்கே பேசக் கூடாதல்லவா? கட்டுப்பாடு காத்தேன்.

திரையிடல் நாள் வந்தது. மோட்டார் படம் தெளிவாகக் கேட்கவேண்டும் என்பதற்காக மோட்டாரை மத்தியானமே நிறுத்திவிட்டோம். கட்டடமே நிம்மதியாக இருந்தது. நர்ஸ் அக்கா ஆசை தீரத் தூங்கியிருக்கலாம். ஆனால் பாவம், அவர் அப்போதே வந்து முதல் வரிசையில் உட்கார்ந்துவிட்டார். டியூட்டி உடுப்பிலேயே வந்திருந்தார். சாட்சி சொல்ல வந்தவர்போல முதுகு நிமிர்ந்திருந்தது.

முதல் படத்தில் ஒரு பழைய பிரிட்ஜ் காலி வீட்டில் முனகியது. இரண்டாவதில் ஒருவர் காகிதம் கிழித்தார். அதில் பாதிவரை சத்தமே வரவில்லை. அறையெங்கும் மூச்சு நீண்டது. "இந்த அளவுக்கு அடக்கம் நான் பாத்ததில்ல" என்று மூன்றாவது மாடிப் பல் டாக்டர் முணுமுணுத்தார். பார்த்தால், வயர் கழன்று கிடந்தது. செருகினேன். 'சர்ர்ர்' என்று கிழிந்ததும் எல்லோரும் திரும்பி, எருமையை உள்ளே ஓட்டி வந்தவனைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்த்தார்கள்.

பிறகு மாப்பிள்ளையின் படம். 'நீரேற்றம்' என்று பெயர். திரையில் அக்காவின் படுக்கையறைச் சுவர். சுவரில் ஒரு காலண்டர். அவ்வளவுதான். ஸ்பீக்கரிலிருந்து மோட்டார் கிளம்பி அறையை நிறைத்தது. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. அக்கா திரையைப் பார்க்கவில்லை. திரும்பி உட்கார்ந்து ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். எல்லோரும் கண்ணை மூடியிருந்தார்கள். சங்கடப்படுகிறார்கள் என்று நினைத்திருப்பார் போலிருக்கிறது, அவருக்கு லேசாகச் சிரிப்பு வந்தது. அக்காவின் குரல் படத்தில் எங்கும் இல்லை. முடிவில் மட்டும் ஒரு வரி வந்தது: 'நன்றி: கீழ்த்தளம்.'

விளக்கைப் போட்டோம். கருத்துப் பகிர்வு.

"நான் இதுல காலத்தக் கேட்டேன்" என்றார் பல் டாக்டர்.

"நான் கடலக் கேட்டேன்" என்றார் தலைவர்.

"நான் மோட்டாரக் கேட்டேன் சார்" என்றார் அக்கா.

எல்லாத் தலைகளும் முதல் வரிசைப் பக்கம் திரும்பின.

"அது மேலோட்டமா கேக்குறதும்மா" என்றார் டாக்டர், சொத்தைப் பல்லைக் கண்டவரின் பரிவோடு. "இன்னும் உள்ள போகணும்."

"இதுக்கு மேல உள்ள போக எடமில்ல டாக்டர். அது என் கட்டிலுக்கு அந்தப் பக்கம் ஓடுது. இவ்வளவு நாளா நான் சொல்றத நம்பல. இன்னிக்கு எல்லாரும் உங்க காதாலயே கேட்டுட்டீங்க. எப்போ சார் மாத்தப் போறீங்க?"

"மாத்துறதா?" மாப்பிள்ளை எழுந்தே விட்டார். "மாமா! எடத்த மாத்தினாலும் பேரிங்க மாத்தினாலும் அந்தச் சுருதியே போயிடும் மாமா!"

தலைவர் கையமர்த்தினார். அவசர விஷயங்களை அவர் தள்ளிப்போடுவதில்லை. அவருக்கு எது அவசரம் என்பதுதான் கேள்வி. அங்கேயே தீர்மானம் நிறைவேறியது. மேற்படி மோட்டார் இன்று முதல் 'பாரம்பரிய ஒலி'. அதை இடம் மாற்றவோ, பழுது பார்க்கவோ, எண்ணெய் விடவோ எவருக்கும் உரிமை இல்லை.

"அப்போ நான் எப்போ சார் தூங்குறது?" என்று அக்கா கேட்டார். கோபமாகக்கூடக் கேட்கவில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ள விரும்பிக் கேட்டார்.

தலைவர் கனிவாகச் சொன்னார்: "தூங்காதீங்கம்மா. கேளுங்க."

அறை முழுவதும் ஒரு நீண்ட மூச்சு.

மறுநாள் மத்தியானம் மோட்டார் ஓடத் தொடங்கியதும் கூடவே இன்னொரு ஒலியும் கிளம்பியது. 'டங், டங், டங்.' தண்ணீர்க் குழாய் எல்லார் வீட்டுச் சமையலறை வழியாகவும் மொட்டைமாடிவரை போகிறது அல்லவா? அந்தக் குழாயின் அடிப்பகுதியைக் கீழ்த்தளத்தில் யாரோ கரண்டியால் அடிக்கிறார்கள். மோட்டார் நின்றால் நிற்கும். ஓடினால் தொடங்கும்.

தலைவர் பனியனோடு இறங்கி வந்தார். நானும் போனேன். அக்கா கரண்டியோடு கதவைத் திறந்தார்.

"என்னம்மா இது?"

"சோதனை இசை சார்."

"மனுஷன் சாப்ட்டுட்டுக் கொஞ்சம் கண்ண மூட வேண்டாமா?"

"மூடுங்க சார். மூச்ச நல்லா நீளமா இழுத்து விடுங்க."

வட்டத்தில் சேர்ந்த நாளிலிருந்து நான் மனதாரக் கண்ணை மூடி மூச்சு விட்டது அந்த ஒரு முறைதான்.

அவசரக் கூட்டம் கூடியது. பல் டாக்டர் நெற்றியைப் பிடித்துக்கொண்டு வந்தார்.

"காலம் கேக்கலியா டாக்டர்?" என்றேன்.

"காலமாவது ஒண்ணாவது. கரண்டிப்பா அது, கரண்டி!"

ஒருமனதாகத் தீர்மானித்தோம். வாசலில் 'எல்லா ஒலியும் இசையே' என்பதற்குக் கீழே சின்ன எழுத்தில் ஒரு திருத்தம் ஏறியது: 'யாருக்காவது ஏதாவது தேவைப்பட்டு எழுப்பும் ஒலி நீங்கலாக.' தலைவர் அக்காவின் வீட்டுச் சொந்தக்காரருக்குப் போன் போட்டு, உங்கள் வீட்டில் குடியிருப்பவரால் கட்டடத்தின் அமைதி கெடுகிறது என்று தெரிவித்தார். வீட்டைக் காலி செய்யச் சொல்லி அக்காவுக்குத் தகவல் வந்தது. அதே வாரம் அவர் வார்டில் மறுபடி நின்றுகொண்டே தூங்கினார். மேட்ரன் சொன்ன சொல் தவறாதவர்.

அக்கா போகிற அன்று நான் லிப்டில் கீழே வந்தேன். வாசலில் இரண்டு பெட்டியும் சுருட்டிய மெத்தையும் கிடந்தன.

"வேற வேல கெடச்சுதாக்கா?"

"மொதல்ல தூக்கம் கெடைக்கட்டும் தம்பி." மெத்தையைத் தூக்கி வண்டியில் போட்டுவிட்டுத் திரும்பினார். "அன்னிக்கு மைக்கோட வந்தீங்களே. எதுக்கு வந்தீங்கன்னு நீங்களாவது ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல?"

நல்ல வேளை, என் பின்னாலிருந்து லிப்ட் சொன்னது: "கதவு மூடுகிறது."

காலியான வீட்டை மாப்பிள்ளை ஒலிப்பதிவுக் கூடமாக எடுத்துக்கொண்டார். சுவருக்கெல்லாம் பஞ்சு ஒட்டினார். கதவிடுக்கில் ரப்பர் வைத்தார். முதல் நாள் மைக்கை நிறுத்தி, விரலை உதட்டில் வைத்து, "ஸ்டார்ட்" என்றார். மோட்டார் இருமியது.

"மாமா!" அவர் அலறல் மூன்றாவது மாடிக்குக் கேட்டது. "இந்தச் சனியன் ஓடினா நான் எப்படி மாமா வேல பாக்குறது?"

மறுநாள் காலையிலேயே எலக்ட்ரீஷியன் வந்தார். மோட்டாரைக் கழற்றி, புது பேரிங் போட்டு, எண்ணெய் விட்டு, பின்பக்கம் கொண்டுபோய்க் காம்பவுண்டுச் சுவர் மூலையில் வைத்தார். சாப்பாட்டு நேரத்துக்குள் வேலை முடிந்தது. பால்கனியில் நின்று காது கொடுத்துப் பார்த்த தலைவருக்கு ஒன்றும் கேட்கவில்லை.

"சார், பாரம்பரியம்?" என்றேன்.

"அதுக்கு ஒண்ணும் ஆகலப்பா. அதான் படம் எடுத்து வெச்சிருக்கோமே."

போன மாதம் மாப்பிள்ளையின் புதுப் படத்தைத் திரையிட்டோம். 'மௌனம்' என்று பெயர். அதே படுக்கையறை. அந்தக் காலண்டர் மாட்டியிருந்த ஒரு சுவரில் மட்டும் அவர் பஞ்சு ஒட்டாமல் விட்டிருந்தார். காலண்டர் இருந்த இடம் கொஞ்சம் வெளுப்பாகச் சதுரமாகத் தெரிகிறது. வட்டத்தின் வரலாற்றில் இதுவே தலைசிறந்த படைப்பு என்று தலைவரும் டாக்டரும் கண்ணைத் திறக்காமலேயே அறிவித்தார்கள். நான்தான் சந்தேகப்பட்டு ஸ்பீக்கர் வயரைத் தடவித் தடவிப் பார்த்தேன். எதுவும் கழலவில்லை. படம் அப்படித்தான். மோட்டார் இல்லை, கரண்டி இல்லை, வாயைப் பொத்திக்கொண்டு ஒருவர் அடக்கி விடும் மூச்சுகூட இல்லை. அவ்வளவு நேர்த்தியாக அந்த வீட்டைக் காலி செய்திருக்கிறோம்.